மலைவிழுங்கி விழுந்தால்தான் பாப்பா தூங்குவாள்

சைரன் என்பது அவளுக்குத் தாய்மாமன் வைத்த பெயர். பெற்றவர்கள் யோசித்து யோசித்து வைத்த நல்ல பெயர் ஒன்றும் இருந்தது. அதைச் சொல்லிக் கொஞ்ச யாருக்கும் அவகாசம் கிடைக்கவில்லை. மதியம் பால் குடித்து முடித்ததும் ஆரம்பிப்பாள். முதலில் உதடு பிதுங்கும், பிறகு முகம் தக்காளியாகும், அதற்குப் பிறகு தெருவில் போகிற வண்டிகள் ஆம்புலன்ஸ் வருகிறதென்று ஒதுங்கும்.

அவளுடைய அம்மா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், பிரசவ விடுப்பில் இருந்தாள். அப்பா லிஃப்ட் மெக்கானிக். இருவரும் செய்யாத வித்தை இல்லை. மிக்ஸியை வெறுமனே ஓட்டினார்கள். குழாயைத் திறந்து விட்டார்கள். அவன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய், தான் பழுது பார்க்கிற அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்டில் மேலும் கீழுமாகப் போய்வந்தான். லிஃப்டில் தூங்கினாள், கதவு திறந்ததும் விழித்து, மூன்றாம் மாடிக்காரர்களையும் விழிக்க வைத்தாள்.

டீச்சருடைய தம்பி செருப்புக் கடையில் விற்பனையாளன். தன் வாடகை அறையில் கூடத் தங்கியிருப்பவர்கள் தொட்டுக் கெடுத்துவிடுவார்கள் என்று தன் வீடியோ கேம் பெட்டியை அக்கா வீட்டு டிவியில் மாட்டி வைத்திருந்தான். விடுமுறை நாளில் வந்து, கதவு திறந்தவரிடம் நலம்கூட விசாரிக்காமல் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவான். அப்போது அவன் விளையாடிக்கொண்டிருந்த ஆட்டத்தின் கடைசி வில்லன் மலைவிழுங்கி என்ற ராட்சசன். மூன்று தலை உயரத்துக்கு வாய், வாய் நிறையப் பல். அதை வீழ்த்த முடியாமல் தம்பி பல வாரமாக மெலிந்துகொண்டிருந்தான்.

ஒரு மதியம் மலைவிழுங்கி விழுந்தது. தம்பி கையில் பிடித்து ஆடுகிற கன்ட்ரோலரைச் சோபாவில் வீசிவிட்டு, சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு அறையைச் சுற்றி ஓடினான். திரையில் ராட்சசன் குப்புறப் படுத்துத் தூங்க, கறுப்பில் வெள்ளை எழுத்தாக, ஆட்டத்தை உருவாக்கியவர்களின் பெயர்கள் மெதுவாக மேலே போக ஆரம்பித்தன. சோபாவில் கத்திக்கொண்டிருந்த சைரன் சட்டென்று நின்றது.

டீச்சர் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். குழந்தையின் இமைகள் இறங்கின. அந்த நேரம் பார்த்துத் தம்பி கன்ட்ரோலரை எடுத்து ஒரு பட்டனை அழுத்தினான். பெயர்கள் மறைந்தன. சைரன் திரும்ப ஒலித்தது.

"டேய், என்னடா பண்ண?"

"ஒண்ணும் பண்ணலக்கா. பேரு ஓடிட்டிருந்துச்சு, தள்ளி விட்டேன்."

"அதைத் திரும்பப் போடு."

"எதை?"

"அந்தப் பேரைத்தான்!"

"அதையெல்லாம் யாருக்கா உக்காந்து பாப்பாங்க? பள்ளிக்கூடம் போன காலத்துலேர்ந்து விளையாடறேன், ஒரு தடவகூட நான் பாத்ததில்ல. விருந்துக்குப் போனா சாப்பிட்டதும் கை கழுவத்தானே போறோம்? சமையல்காரங்க பேரையெல்லாமா கேட்டுட்டு நிக்கறோம்?"

"இப்பப் போடறியா, இல்ல இவளை உன் ரூமுக்கு அனுப்பி வைக்கட்டுமா?"

தம்பியின் குரல் இறங்கியது. "போடணும்னா மலைவிழுங்கியை மறுபடி அடிச்சு விழ வைக்கணும்கா."

"விழ வை."

காதில் சைரன் ஒலிக்க ஒலிக்க அவன் மறுபடி சண்டை போட்டான். பொழுது சாயும் நேரத்தில் ராட்சசன் விழுந்தது. முன்பு செய்ததுபோலவே எல்லாம் செய்ய வேண்டும் என்று டீச்சர் கட்டளையிட்டதால் கன்ட்ரோலரைச் சோபாவில் வீசினான், சட்டையையும் சுழற்றினான். பெயர்கள் ஏறின. பாதி வருவதற்குள் குழந்தை தூங்கிப்போனாள். அக்காளும் தம்பியும் சத்தம் வராமல் ஒருவர் தோளை ஒருவர் குலுக்கிக்கொண்டார்கள்.

மறுநாள் அதே பெயர்ப் பட்டியலை யாரோ இணையத்தில் வீடியோவாகப் போட்டிருப்பதைக் கண்டுபிடித்து டிவியில் ஓட்டினாள் டீச்சர். அதே இசை, அதே எழுத்து. குழந்தை ஒரு நிமிடம் பார்த்தாள், போலி நோட்டைக் கண்ட கடைக்காரர்போல முகம் சுளித்தாள், ஆரம்பித்தாள்.

என்ன வித்தியாசம் என்று கண்டுபிடித்தது லிஃப்ட் மெக்கானிக். எந்த மோட்டாரையும் திறக்கும் முன்னால் அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பது அவன் பழக்கம். தம்பி அடுத்த முறை வந்து ராட்சசனை வீழ்த்தியதும், குழந்தையின் முதுகோரம் கிடந்த கன்ட்ரோலரை அப்படித் தொட்டுப் பார்த்தான்.

"இது உறுமுதும்மா."

டீச்சரும் தொட்டாள். திரையில் தூங்குகிற ராட்சசன் மூச்சை இழுக்கும்போது லேசாக அதிர்ந்தது, விடும்போது நின்றது. மறுபடி இழுத்தது. குறட்டை!

"எனக்கே தூக்கம் வருதுங்க" என்றாள் டீச்சர், கொட்டாவியோடு. கொஞ்ச நேரத்தில் தூங்கியும் விட்டாள்.

அன்றிலிருந்து வீட்டின் நிம்மதி மலைவிழுங்கியின் தோல்வியில் தொங்கியது. தம்பி கடைக்குத் தினமும் லீவு போட முடியுமா? கணவன் முயன்றான். திருகாணியைக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டுகிற அந்தக் கை, கன்ட்ரோலரைப் பிடித்தால் சுவரைப் பார்த்தே வாள் வீசியது. ராட்சசன் அவனைக் கொட்டாவி விடுகிற வாக்கிலேயே விழுங்கியது.

டீச்சர் களத்தில் இறங்கினாள். கையில் வாள் கொடுத்தால் கருவேப்பிலை நறுக்கலாமா என்று பார்க்கிறவள் அவள். முதல் நாளில் அவளுடைய வீரன் ராட்சசனைப் பார்க்காமலே பள்ளத்தில் விழுந்தான். பிறகு பார்த்துவிட்டு விழுந்தான். ஆனால் கணக்கு டீச்சர் அல்லவா, சும்மா விடுவாளா? இடது காலைத் தூக்கினால் நெருப்பு, வாலைச் சுருட்டினால் கல்மழை என்று படித்துக்கொண்டாள். தோளில் சைரன், மடியில் கன்ட்ரோலர். வாய் மட்டும் வகுப்பில் இருந்தது.

"கடைசி பெஞ்ச்ல என்ன சத்தம்? வா இங்க! வாலைச் சுருட்டாதே! சுருட்டாதேன்னு சொன்னேன்ல!"

அப்படியும் ராட்சசன் விழவில்லை. ஒரு மதியம் மிகவும் நெருங்கி, கடைசி அடியில் தோற்று, அவள் போட்ட கூச்சலில் ஜன்னல் அதிர்ந்தது. சற்று நேரத்தில் வாசல் மணி அடித்தது. கீழ்த்தளத்தில் மருத்துவமனை வைத்திருக்கிற பல் டாக்டர் அம்மா, கழுத்தில் முகக்கவசம் தொங்க நின்றிருந்தார்.

"ஏம்மா, உங்களுக்கே நல்லா இருக்கா? நான் இன்னும் பல்லைத் தொடவே இல்ல. மேலேர்ந்து ஒரு அலறல். பல்லு காட்ட வந்த ஆளு, மேல வேற யாருக்கோ பல்லு புடுங்கறாங்கன்னு நினைச்சு, வாயைத் திறந்தபடியே எழுந்து ஓடிட்டார். செருப்பைக்கூட விட்டுட்டுப் போயிட்டார்."

டீச்சர் மன்னிப்புக் கேட்டாள். பிறகு விஷயத்தைச் சொன்னாள். சொல்லச் சொல்லத் தனக்கே அது பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது. டாக்டர் அவளைப் பார்க்கவில்லை, டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ராட்சசன் வாயைப் பிளந்து, வெற்றிக் களிப்பில் கர்ஜித்துக்கொண்டிருந்தது.

"இவருக்கு இடது கீழ் கடைவாய்ப் பல் ஆடுதே" என்றார் டாக்டர்.

"எது?"

"அதோ. மத்ததெல்லாம் வெள்ளை, அது பழுப்பு. ஈறு வீங்கியிருக்கு பாருங்க. பாவம், இத்தனை நாளா இதை வச்சுக்கிட்டா சண்டை போடறார்? அதுல ஒரு தட்டுத் தட்டினா ஆள் மயங்கிடுவாரே."

டீச்சர் மறுபடி ஆரம்பித்தாள். வாசலில் நின்ற டாக்டர் உள்ளே வந்துவிட்டார். "வாயைத் திறக்கட்டும்… அவசரப்படாதீங்க… பெருசா திறக்கச் சொல்லுங்க… இப்ப!" என்றார். வீரன் தாவிக் கடைவாய்ப் பல்லில் ஓங்கி அடித்தான். அது பிடுங்கிக்கொண்டு பறந்தது. மலைவிழுங்கி தடாலென்று சாய்ந்தது.

இருவரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். பெயர்கள் ஏறத் தொடங்கியதும் வாயைப் பொத்திக்கொண்டு குதித்தார்கள்.

விஷயத்தைக் கேட்ட தம்பிக்கு வந்த ஆத்திரம் சொல்லி மாளாது. அவன் அவ்வளவு வாரமும் வாலையே கொத்திக்கொண்டிருந்தவன்.

இதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு சபை கூடியது. டாக்டர் மதிய இடைவேளையில் சாப்பாட்டு டப்பாவோடு மேலே வந்துவிடுவார். தம்பி நேரம் கிடைத்தபோதெல்லாம் வருவான். சண்டை நடக்கும்போது ஆளாளுக்கு யோசனை சொல்லலாம், ராட்சசன் விழுந்த பிறகு யாரும் அசையக் கூடாது என்பது டீச்சரின் சட்டம். நாற்காலி கிறீச்சிட்டால்கூட முறைப்பாள். எழுந்து போகவும் முடியாமல் பேசவும் முடியாமல் என்ன செய்வது? எல்லோரும் பெயர் படித்தார்கள்.

நெருப்பு வரைந்தவர் ஒருவர், புகை வரைந்தவர் இன்னொருவர். "ரெண்டு பேருக்கும் ஆகாதுபோல, அவ்வளவு தள்ளிப் போட்டிருக்காங்க" என்று டாக்டர் கிசுகிசுத்தார். காலடி ஓசை தந்தவர் என்று ஒருவர் இருந்தார். அலுவலகப் பூனைக்குச் சோறு வைத்தவருக்குத் தனி வரி. தம்பிக்கு நம்பவே முடியவில்லை. கடைசியில், இசை தணியும் இடத்தில், ஒரு தலைப்பு வந்தது: 'இந்த ஆட்டம் உருவான நாட்களில் எங்கள் வீடுகளில் பிறந்த குழந்தைகள்.' கீழே செல்லப்பெயர்கள். மொட்டு. குண்டன். வாலு. ரெட்டைச்சுழி. மூக்கி.

"இவ்வளவு நாளா இதையெல்லாமா தள்ளி விட்டுட்டிருந்தேன்?" என்றான் தம்பி. அவன் கண் கலங்கியிருந்ததை டாக்டர் பார்த்தார். அவர் மூக்கை உறிஞ்சியதை அவனும் கேட்டான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் டிவியையே பார்த்தார்கள்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஆட்டத்துக்கு அப்டேட் வந்தது. ராட்சசன் விழுந்தது, பெயர்களைக் காணோம். நேராகப் புதிய கோட்டை ஒன்று திறந்து, வீரனை உள்ளே வா என்றது. பெயர்ப் பட்டியலை மெனுவில் ஒரு மூலையில் தள்ளியிருந்தார்கள். தேடிப் போட்டால் எழுத்து ஓடியது. கன்ட்ரோலர் மட்டும் கட்டைபோலக் கிடந்தது. சைரன் அன்று இருட்டும்வரை ஓயவில்லை.

மறுநாள் காலையே டீச்சர் அந்தக் கம்பெனிக்கு ஃபோன் போட்டாள். ஒரு பெண் எடுத்தாள்.

"சொல்லுங்க மேடம், என்ன பிரச்சனை?"

"குறட்டையைக் காணோம்."

"புரியல மேடம்."

"பேரு ஓடும்போது கன்ட்ரோலர் குறட்டை விடுமில்ல? அதை எடுத்துட்டீங்க. என் பொண்ணு அதுலதாம்மா தூங்குவா."

எதிர்முனையில் அந்தப் பெண் யாரையோ கூப்பிட்டாள். கொஞ்சம் சலசலப்பு. பிறகு ஒரு ஆண் குரல், ஓடி வந்ததுபோல் மூச்சிரைத்தது.

"மேடம், வணக்கம். கன்ட்ரோலரை அதிர வைக்கிற வைப்ரேஷன் என் வேலைதான். அந்தக் குறட்டையை நான்தான் வச்சேன். அதை… நீங்க கவனிச்சீங்களா?"

"கவனிக்கறதா? நாங்க அதை வச்சுத்தான் சார் உயிர் வாழறோம்."

"மீட்டிங்ல கேட்டாங்க மேடம், பேரு ஓடறப்ப யாராவது உக்கார்றாங்களா, எதுக்கு வீணா பேட்டரி செலவுன்னு. எனக்குப் பதில் சொல்லத் தெரியல. எடுத்துட்டேன். என் பையனும் சின்ன வயசுல தூங்கவே மாட்டான். நெஞ்சுல போட்டுக்குவேன். நான் முதல்ல தூங்கி, குறட்டை விட ஆரம்பிப்பேன். அவன் அதுலயே தூங்கிடுவான். அந்தக் குறட்டையோட வேகத்தை அப்படியே எடுத்து ஆட்டத்துல வச்சேன். நெசமாவே தூங்கினாளா?"

"அவ மட்டுமில்ல சார். நான் தூங்கினேன், எங்க வீட்டுக்காரர் தூங்கினார். பல் டாக்டர் சோத்து டப்பாவோட தூங்கினாங்க."

அந்த மனிதர் ஃபோனைக் கீழே வைக்காமலே கத்தினார்: "டேய்! எல்லாரும் இங்க வாங்கடா! உக்காந்து பாத்திருக்காங்கடா! டாக்டர்கூடத் தூங்கியிருக்காங்களாம்!" நாற்காலிகள் உருளும் சத்தமும் கைதட்டலும் கேட்டன. யாரோ, "புகை நல்லா இருந்துச்சான்னு கேளு" என்றார்கள். இந்த ஆரவாரத்தில் சைரன் விழித்து, முழுக் குரலில் ஆரம்பித்தது. டீச்சர் ஃபோனைக் குழந்தை பக்கம் திருப்பினாள்.

"ஐயோ" என்றது எதிர்முனை. "உடனே சரி பண்றோம் மேடம்."

சொன்னபடியே செய்தார்கள். அடுத்த அப்டேட்டில் குறட்டை திரும்பி வந்தது. கூடவே மெனுவில் ஒரு புதிய பட்டனும் வைத்திருந்தார்கள்: 'சண்டையில்லாமல் தூங்க.' அழுத்தினால் நேராகப் பெயர்கள், இசை, குறட்டை. லிஃப்ட் மெக்கானிக் கைகூப்பி டிவியைக் கும்பிட்டான்.

"இனிமே நானே தூங்க வச்சிடுவேன்மா. நீ நிம்மதியா இரு."

டீச்சர் அவன் கையிலிருந்து கன்ட்ரோலரைப் பிடுங்கினாள். "அடிக்காம பேரு பாக்கறதா? சாப்பிடாம ஏப்பம் விடற மாதிரி இருக்கும். தள்ளுங்க."

சில நாள் கழித்து அவன் வேலை சீக்கிரம் முடிந்து மதியமே வீட்டுக்கு வந்தான். கதவு சாத்தாமல் கிடந்தது. சோபாவில் மனைவி தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, ஆழ்ந்த தூக்கத்தில் இருந்தாள். தரையில் தம்பி கடைச் சீருடையோடு சுருண்டிருந்தான். டாக்டர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தவாக்கிலேயே தூங்கினார். திரையில் பெயர்கள் ஏறிக்கொண்டிருந்தன. குழந்தை மட்டும் விழித்திருந்தாள். அழவில்லை. கன்ட்ரோலரை இரண்டு காலாலும் அணைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாக மேலே போவதைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனைநடையில் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் திரும்பி, ஈறு தெரியச் சிரித்தாள். பூனைக்குச் சோறு வைத்தவர் மேலே போனார். அவளுக்குச் சிரிப்பு அதிகமாகி, காலை உதைத்து, விக்கல் எடுத்தது. அவனுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. யாரையும் எழுப்பிவிடக் கூடாதே என்று தோள்துண்டை வாயில் திணித்துக்கொண்டான். அப்பனும் மகளும் குலுங்கக் குலுங்க, சோபாவும் சேர்ந்து குலுங்கியது.