றேடியோ சுட்ட பிள்ளை

டொறத்தி வீட்டு முற்றத்துத் தென்னையில் றேடியோக் கம்பி ஏறிய நாளிலிருந்து எமிலியாவுக்குச் சோறு இறங்கவில்லை.

கம்பியை ஏற்றியவன் அவளுடைய சொந்தத் தம்பி அல்பேட்தான். கொழும்புத் துறைமுகத்தில் வேலை செய்தவன், உலக யுத்தம் தொடங்கியதும், ஊரில் இருந்த பெண்சாதி டொறத்தியின் சொற்கேட்டு ஊருக்குத் திரும்பிவிட்டான். திரும்பும்போது, சீமைக்குக் கப்பலேறிய ஒரு துரையிடம் வாங்கிய றேடியோப் பெட்டியையும் மதுரங்குளி பாயிஸின் லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தான். கண்டக்குழியில் அதுவரை அப்படியொரு சாமானை ஒருவரும் கண்டதில்லை. பெட்டிக்கு உயிர் கொடுப்பதற்கென்று கண்ணாடிச் சாடியில் ஒரு பற்றறி. அதற்குள் தண்ணீர் மாதிரி ஒன்று; ஆனால் தண்ணீர் இல்லை, மேலில் பட்டால் சுட்டுவிடும் என்று அல்பேட் எல்லோருக்கும் சொல்லிவைத்தான். பற்றறி களைத்துப்போனால் பாயிஸின் லொறியில் புத்தளத்துக்குப் போய்த் தெம்பேற்றிக்கொண்டு வரும்.

பின்னேரமானால் ஊரே அங்கேதான். டொறத்தி கதிரையைப் போட்டுக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் இருப்பாள். அதன் காதைத் திருகுவது அவள் மட்டும்தான். சிலாபத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து, மீன் வெட்டத் தெரியாமல் விரலை வெட்டிக்கொண்டு நின்றவள் இப்போது இரண்டு விரலால் பட்டும் படாமலும் அந்தக் காதைப் பிடித்து, கொழும்பை இங்கே விட்டு, திருச்சியை அங்கே எடுத்து, ஊரைத் தன் முன்னால் வாய்பிளந்து நிற்கவைக்கிறாள். எமிலியா அதை வாசற்படியில் நின்று பார்ப்பாள்.

"மச்சாள், ஏன் வெளியில நிக்கிறீங்க? உள்ளுக்கு வந்து கதிரையில இருங்கோ" என்பாள் டொறத்தி.

"எனக்கு வேலை கிடக்கு" என்று சொல்லிவிட்டு எமிலியா அங்கேயே நிற்பாள்.

ஊர் போனதில்கூட அவளுக்கு அவ்வளவு எரிச்சல் இல்லை. றோசமேரி போனதுதான் தாங்கவில்லை. எமிலியாவுக்கும் மனுவேலுக்கும் பிள்ளை பிறக்கவில்லை. அல்பேட்டின் மகள் பிறந்தபோது டொறத்தி காய்ச்சலில் விழுந்துவிட, அந்தப் பச்சை மண்ணை மடியில் வைத்து ஆட்டுப்பால் பருக்கி வளர்த்தவள் எமிலியா. றேடியோ வரும்வரைக்கும், ஏழு வயதாகியும் பிள்ளை மாமி வீட்டில்தான் சாப்பிடும், மாமியின் பாயில்தான் படுக்கும். மாமி சொல்லும் கதைக்காக ஒழுங்கைப் பிள்ளைகளையெல்லாம் இழுத்துக்கொண்டு வரும். ஊருக்குப் புதிதாய் வந்த யாரும் தெரியாமல் "உங்கட மகள்" என்று சொல்லிவிட்டால் எமிலியா திருத்தமாட்டாள்.

அந்தப் பிள்ளை ஒரு நாள் ஓடிவந்து சொன்னது: "மாமி, திருச்சியில இருந்து ஒரு பொம்பிளை கதை சொன்னவ. எவ்வளவு நல்ல குரல் தெரியுமே? உங்களைப் போல இடையில இருமவே இல்லை."

எமிலியா சிரித்தாள். சிரித்துவிட்டு உள்ளே போய், அடுப்பில் எரிந்துகொண்டிருந்த கொள்ளியைத் தண்ணீர் ஊற்றி அணைத்தாள். சோறு பாதி வேக்காட்டில் நின்றது. மனுவேல் அன்றைக்கு ஒன்றும் கேட்காமல் அதைச் சாப்பிட்டான்.

றேடியோவைப் பிடிக்காத இன்னொருவர் ஊரில் இருந்தார். பள்ளிக்கூடத்து அருமைநாயகம் சட்டம்பியார். கொழும்பிலிருந்து கிழமைக்கொரு முறை வரும் பத்திரிகைக்கு ஊர்ச் செய்தி எழுதுகிறவர். பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று அவர் அடித்துச் சொல்வார்: "பிள்ளையளின்ர மூளை ஈர மண் மாதிரி. கண்காணாத எவனோ சொல்லுறது அதில பதிஞ்சிட்டால் பிறகு ஆர் அழிக்கிறது? மழை காலத்தில மின்னல் அந்தக் கம்பியில இறங்கினால் எத்தினை பிள்ளை கருகும்? யோசிச்சுப் பாத்தீங்களோ?"

எமிலியா இந்தக் கதையை வாங்கிக்கொண்டு வீடு வீடாய்ப் போனாள். கருவாடு காயவைக்கும் இடத்திலும் கிணற்றடியிலும் மின்னலைப் பற்றியே கதைத்தாள். பெண்கள் "ஓம் ஓம்" என்றார்கள். பின்னேரம் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு டொறத்தி வீட்டுக்குப் போனார்கள்.

மரமுந்திரிகை காய்க்கும் காலம் வந்தது. எமிலியாவின் வீட்டு வளவில் இரண்டு மரம் நின்றது. பிள்ளைக்கு அந்தக் கொட்டைக்குள் இருக்கும் கஜு என்றால் உயிர். ஒரு சனிக்கிழமை, றேடியோவில் சிறுவர் கதை சொல்லும் நேரம் பார்த்து, எமிலியா வேலிக்கு மேலால் றோசமேரியைக் கூப்பிட்டாள்.

"வாடி பிள்ளை. கஜு உடைச்சுத் தாறன்."

"கதை முடியட்டும் மாமி."

"கதை நாளைக்கும் வரும். கஜுவை அணில் கொண்டுபோயிடும்."

பிள்ளை பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தது. அந்த ஒரு வெற்றியில் எமிலியாவுக்குத் தலைகால் தெரியவில்லை. கொட்டையைச் சுட்டு எடுப்பதற்குள் பிள்ளை ஓடிவிடுமோ என்று பயந்து, பச்சையாகவே பிளந்து கொடுத்தாள். "நானும் உடைக்கிறன்" என்று அது கேட்டபோது கல்லையும் கையில் கொடுத்தாள். வேறொரு நாளென்றால் கொடுத்திருக்கமாட்டாள். பச்சைக் கோதின் பால் தோலைத் தின்னும் என்று அந்தக் கரையில் எவருக்குத் தெரியாது? பிள்ளை ஓங்கிக் குத்த, கோது நசுங்கிப் பால் மணிக்கட்டிலும் கன்னத்திலும் தெறித்தது. எமிலியா பதறி முந்தானையால் துடைத்தாள். தேங்காயெண்ணெய் தடவினாள். கொஞ்சம் எரிகிறது என்றது பிள்ளை. பிறகு மறந்துவிட்டது.

வீட்டுக்குப் போன பிள்ளை, புத்தளத்திலிருந்து அப்போதுதான் வந்திறங்கிய பற்றறியைத் தூக்க அப்பனுக்குக் கை கொடுத்தது.

மறுநாள் விடிந்தபோது கன்னம் கொப்பளித்திருந்தது. மணிக்கட்டில் தோல் கறுத்துக் கிழிந்து நீர் வடிந்தது. டொறத்தி போட்ட கூச்சலில் ஊர் கூடியது. எமிலியா ஈரக்கையோடு ஓடினாள்.

"பற்றறித் தண்ணி! நேற்றுப் பற்றறியில கை வச்சவள்!" டொறத்தி மார்பில் அடித்துக்கொண்டு புருஷன் பக்கம் திரும்பினாள். "உங்கட பெட்டி என்ர பிள்ளையைத் தின்னுட்டுது!"

எமிலியா சொல்லத்தான் வாயைத் திறந்தாள். 'இது கஜுப்பால், என்ர வளவில நடந்தது' என்ற சொல் நாக்கு வரைக்கும் வந்தது. அப்போது டொறத்தியின் முகம் கண்ணில் பட்டது. கதிரையில் இருந்து காதைத் திருகுகிற முகம் இல்லை அது. அழுது வீங்கி, அலங்கோலமாய், ஊர் முன்னால் தோற்றுப்போன முகம். பார்த்த எமிலியாவின் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று குளிர்ந்து இறங்கியது. வந்த சொல்லை விழுங்கிவிட்டு வேறொன்றைச் சொன்னாள்:

"நான் அண்டைக்கே சொன்னன். ஆர் கேட்டீங்க?"

அல்பேட் நிமிரவில்லை. பிள்ளையின் கையைப் பிடித்து ஊதிக்கொண்டிருந்தான்.

சட்டம்பியார் அன்றைக்கே எழுதி அனுப்பிவிட்டார். அடுத்த கிழமை பத்திரிகையில் வந்தது: 'கண்டக்குழியில் றேடியோ சுட்ட குழந்தை.' அதைப் படித்தவர்கள் எழுதத் தொடங்கினார்கள். யாழ்ப்பாணத்தில் ஒருவர், பிள்ளைகள் இருக்கும் வீட்டில் றேடியோ வைப்பதைத் தடுக்க அரசாங்க சபை சட்டம் செய்யவேண்டும் என்றார். சிலாபத்தில் ஒரு டாக்குத்தர், பற்றறித் திராவகம் சுட்டால் அந்த நேரமே எரியும், மறுநாள் வரை காத்திருக்காது என்று எழுதினார். அவர் றேடியோ விற்கிற கொம்பனியின் கையாள் என்று அதற்கடுத்த கிழமை வேறொருவர் எழுதினார். டாக்குத்தர் பிறகு எழுதவில்லை. புதுநன்மை எடுக்கும் வயது வராத சின்னப் பிள்ளைகள் றேடியோ உள்ள வீட்டுக்குள் கால் வைக்கக்கூடாது என்று பங்குச் சுவாமி பூசையில் அறிவித்தார். ஊர்த் தலைமைக்காரரான விதானையார் வந்து, பற்றறியைப் பூட்டுப் போட்ட கொட்டிலில் வைக்கச் சொன்னார். அல்பேட் பூட்டு வாங்கப் போகவில்லை. பெட்டியையும் பற்றறியையும் கம்பியையும் பாயிஸின் லொறியிலேயே ஏற்றி, கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டு வந்தான்.

இனி ஒழுங்கைப் பிள்ளைகள் தன் முற்றத்துக்குத் திரும்புவார்கள் என்று எமிலியா பார்த்திருந்தாள். முற்றத்தைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, பாயும் விரித்தாள். பிள்ளைகள் வரவில்லை. அவர்கள் இப்போதும் டொறத்தி வீட்டில்தான் நின்றார்கள், றோசமேரியின் கையைப் பார்ப்பதற்கு. அவள் கையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் காட்டி, பெட்டிக்குள்ளிருந்து ஒரு நெருப்புத் தண்ணீர் எப்படிச் சீறி வந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் கதை கொஞ்சம் வளர்ந்தது. நன்றாகத்தான் சொன்னாள். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்பதெல்லாம் எமிலியாவிடம் படித்தது.

ஆடி பிறந்து, தலவில அன்னம்மாள் கோயிலின் திருநாள் வந்தது. குடும்பமாய்ப் போய் ஓலைக் கொட்டில் போட்டுத் தங்கினார்கள். அங்கேதான் எமிலியா பார்த்தாள், தான் மறுக்காமல் விட்ட கதை எவ்வளவு தூரம் போயிருக்கிறதென்று. நீர்கொழும்பிலிருந்தும் மன்னாரிலிருந்தும் வந்தவர்கள் கொட்டிலைத் தேடி வந்தார்கள். "இதுதானே பத்திரிகையில வந்த பிள்ளை?" என்று கேட்டார்கள். கற்கண்டு கொடுத்தார்கள், செபமாலை கொடுத்தார்கள். "அன்னம்மாள்தான் கண்ணைக் காப்பாத்தினவ" என்று கன்னத்தைத் தொட்டு முத்தமிட்டார்கள். டொறத்தியைச் சுற்றிப் பெண்கள் இருந்து, ஒரு தாய் என்ன பாடுபட்டிருப்பாள் என்று கண்ணீர் விட்டார்கள். டொறத்தி மெலிந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னாள். றேடியோ இருந்தபோது அவளிடம் ஒரு ஊர்தான் வந்தது. இப்போது கரை முழுக்க வருகிறது.

எமிலியா ஒரு மூலையில் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

மன்னார்க்காரி ஒருத்தி, "பெத்த வயிறு எப்பிடித் துடிச்சிருக்கும்" என்றதும் எமிலியா பாயைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

"றேடியோவும் இல்லை, பற்றறியும் இல்லை. என்ர வளவில, என்ர கையால குடுத்த கஜுக்கொட்டையில பட்ட பால் அது. எண்ணெய் பூசினது நான். இவளுக்கு ஒண்டும் தெரியாது. கிட்ட நிண்டது நான்தான்!"

திருநாளுக்கு வந்து வாசலில் நின்ற சட்டம்பியார் தொண்டையைச் செருமினார்.

"எமிலியா, பொறாமையில கதைக்காத. பத்திரிகையில வந்த விசயம். அச்சில ஏறினதை நீ இல்லையெண்டு சொல்லுறியோ?"

"பிள்ளையைக் கேளுங்கோ!" எமிலியா றோசமேரியின் தோளைப் பிடித்தாள். "சொல்லு மகள். அண்டைக்குக் கல்லால குத்தினனி எல்லே? கண்ணுக்குக் கிட்டப் பட்டுதெண்டு மாமி துடைச்சுவிட்டன் எல்லே?"

பிள்ளை அவளைப் பார்த்தது. சுற்றியிருந்த முகங்களைப் பார்த்தது. கையில் கற்கண்டுப் பொட்டலம் இருந்தது.

"இல்லை மாமி" என்றது. "றேடியோத் தண்ணிதான்."

அது பொய் சொல்லவில்லை என்பதை எமிலியா அந்தக் கண்ணில் கண்டாள். அத்தனை தரம் சொன்னதில் அதற்கு அப்படியே ஆகிவிட்டது.

டொறத்திதான் எழுந்து வந்தாள். வந்து எமிலியாவைக் கட்டிக்கொண்டாள். "எனக்கு விளங்குது மச்சாள். இவர் தன்னாலதான் பிள்ளைக்கு இப்பிடியெண்டு உருகிப்போறார். தம்பியில இருக்கிற பாசத்தில பழியை உங்கட தலையில எடுத்துப் போடுறீங்க. ஆர் செய்வினம் இப்பிடி?" என்று அழுதாள். பெண்களும் அழுதார்கள். டொறத்தியின் கண்ணீர் தன் கழுத்தில் வடிய, எமிலியா மரம்போல் நின்றாள். அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

கொட்டிலுக்கு வெளியே தண்ணீர்க் குடத்தோடு வந்த அல்பேட் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றான்.

திருநாள் முடிந்து ஊர் திரும்பிய பிறகு அவன் எமிலியாவின் வளவுக்கு வந்தான். மனுவேல் கடலுக்குப் போயிருந்தான். அல்பேட் மரமுந்திரிகையின் கீழே கிடந்த கோதுகளைக் காலால் தள்ளிப் பார்த்தான்.

"அக்கா, நீ அங்க சொன்னது உண்மையோ?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஊர் அவளுக்கு அந்த வழியைத் திறந்துதான் வைத்திருந்தது.

"ஓம்" என்றாள் எமிலியா.

அவன் ஒரு கோதைக் குனிந்து எடுத்து வேலிக்கு அப்பால் எறிந்தான். பிறகு, "பிள்ளையின்ர கையைப் பாக்கிற நேரமெல்லாம் என்ர கையைத் தறிச்சுப்போடலாம் எண்டு இருந்தது" என்றான். "நீ பாத்துக்கொண்டு இருந்தனி."

"தம்பி..."

"டொறத்திக்கு நான் சொல்லமாட்டன். உன்னைத் தெய்வமெண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறாள். நினைக்கட்டும்."

அதற்குப் பிறகும் அல்பேட் அவளோடு முகம் முறிக்கவில்லை. நல்ல மீன் பட்டால் அக்கா வீட்டுக்கும் ஒரு பங்கு வரும். ஆனால் றோசமேரி தனியே வருவது நின்றுபோனது. மகளின் கையைப் பிடித்து அவனே கூட்டி வருவான். அவள் மாமியோடு கதைத்து முடியும் வரைக்கும் வேலிப் படலையடியில், உள்ளே வராமல், கண்ணை எடுக்காமல் நிற்பான். எமிலியா பிள்ளைக்கு ஏதாவது தின்னக் கொடுத்தால், பிள்ளை முதலில் அப்பனின் முகத்தைப் பார்க்கும். அவன் தலையாட்டிய பிறகுதான் வாயில் வைக்கும்.

பிள்ளைக்கு அதன் காரணம் தெரியாது. அது பாட்டுக்கு மாமியின் மடியில் சாய்ந்துகொண்டு, திருச்சிப் பொம்பிளை சொன்ன கதையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லும். எமிலியா இருமலை அடக்கிக்கொண்டு கேட்டிருப்பாள்.