கார்புரேட்டர் மேல் விழுந்த பழி

நர்சம்மாவின் பழைய கார் மூன்றாவது முறையாகப் பட்டறைக்குத் திரும்பி வந்தது. வாசல் மேட்டில் ஏறும்போதே 'டப்' என்று ஒரு வெடி. தெருமுனையில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. உதிரிச் சாமான் கவுண்டரில் இருந்த பெரியவரின் மகள் காதைப் பொத்திக்கொண்டாள்.

"பட்டாசுக் கடை வச்சிருந்தாக்கூட இவ்வளவு சத்தம் கேட்டிருக்காது" என்றாள்.

பெரியவர் சிரிக்கவில்லை. அந்தப் பட்டறை அவருடையது. அங்கே வேலை செய்யும் மாப்பிள்ளை, மகளைக் கட்டியவன். மூவரும் இருப்பது பட்டறைக்கு மேலே உள்ள வீட்டில். ஒரே வண்டி மூன்று முறை திரும்பி வந்தது அவருக்கு மூன்று முறை செருப்படி வாங்கியது போல் இருந்தது.

நர்சம்மா இறங்கினாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"பெரியவரே, நேத்து மலை ஏறும்போது பாதியில வெடிச்சு, ஏர் ஃபில்டர் வழியா தீயே வந்துடுச்சு. கைப்பையால அடிச்சு அணைச்சேன். இன்னிக்கு மத்தியானம் மேல எஸ்டேட்லேர்ந்து ஒரு பொண்ணைக் கீழே கொண்டாரணும். நிறைமாசம், பிரஷர் ஏறிட்டே போகுது. எஸ்டேட் ஜீப் அச்சு ஒடிஞ்சு கிடக்கு. ஆம்புலன்ஸ் அந்த வளைவுல திரும்பாது. இந்த வண்டியை விட்டா எனக்கு வேற வழியில்ல."

"ஓட வச்சுக் காட்டறேன்ம்மா, உக்காருங்க" என்றார் பெரியவர். பிறகு மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினார். அவனிடம் அவர் ஒருநாளும் மரியாதை குறைத்துப் பேசியதில்லை. கோபம் வந்தால் மரியாதை கூடும்.

"மாப்பிள்ளை, கார்புரேட்டரைப் பிரிச்சு மாட்டினது நீங்க. அதுக்கு முந்தி இந்த வண்டி வெடிச்சதில்ல. வெடிக்கறதும் கார்புரேட்டர் வாயிலதான். இன்னிக்கு நீங்க இதைச் சரி பண்ணலன்னா, நாளைலேர்ந்து வேற பட்டறை பாத்துக்கறது நல்லது."

மகள் கவுண்டரிலிருந்து எழுந்து நின்றாள். "அவர் போனா நானும் போவேன்ப்பா. கவுண்டரையும் நீங்களே பாத்துக்குங்க" என்று மட்டும் சொன்னாள். அவள் சத்தம் போட்டிருந்தால் பெரியவரும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பார். அவள் அமைதியாகச் சொன்னதால், அவர் கவுண்டர் பக்கம் பார்ப்பதையே தவிர்த்தார்.

மாப்பிள்ளை தலையைக் குனிந்தபடி வேலையைத் தொடங்கினான். பெட்ரோல் வரத்து சரியாக இருந்தது. பெட்ரோல் பீய்ச்சும் ஜெட்டில் தூசி இல்லை. கார்புரேட்டருக்கு அடியில் காற்று எங்காவது கசிகிறதா என்று கேஸ்கெட் அட்டையைச் சுற்றி எண்ணெய் விட்டுப் பார்த்தான், இல்லை. பிளக் பொறி விடும் நேரத்தைக் காட்டும் டைமிங் குறி, இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. நின்ற நிலையில் எஞ்சின் பூனை போல முனகியது. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் ஒரு உதறல், ஒரு விக்கல், பிறகு கார்புரேட்டர் வாயில் 'டப்'. நர்சம்மா ஒவ்வொரு வெடிக்கும் பெஞ்சிலிருந்து துள்ளினாள். அவள் கண் சுவர்க் கடிகாரத்தை விட்டு அகலவில்லை.

"மாமா, பட்டறையை இருட்டாக்கி பிளக் வயரை ஒரு தடவை பாத்துடலாமா? கரண்ட் எங்கயாவது கசிஞ்சா இருட்டுல பொறி தெரியும்."

"வயரா? அதை மாட்டினது நானு."

"தெரியும் மாமா. சும்மா ஒரு தடவை."

பெரியவருக்குச் சுருக்கென்றது. அந்த வண்டியின் நாலு பிளக் வயர்களையும் சேர்த்து, கறுப்பு டேப்பால் இறுக்கி, பின்னல் போட்டது போல ஒரே கட்டாகக் கட்டியவர் அவர்தான். வண்டி முதலில் சர்வீசுக்கு வந்த அன்று, மாப்பிள்ளை கார்புரேட்டரை மாட்டி முடித்த கையோடு அதைச் செய்தார். அவர் கைபட்ட வண்டியின் பானெட்டைத் திறந்தால் எதுவும் தொங்கக் கூடாது, எதுவும் ஆடக் கூடாது. அது அவர் கௌரவம்.

"சரி, நானே பாக்கறேன். நீங்க உள்ள உக்காந்து ஆக்சிலரேட்டரை மிதிங்க. இதையும் பாத்து முடிச்சிடுவோம்."

மகள் ஷட்டரை இறக்கினாள். புகை வெளியேறப் பின்கதவை மட்டும் கொஞ்சம் திறந்து வைத்தாள். பட்டறை இருண்டது. தூக்கி நிறுத்திய பானெட், ஓட்டுநர் இருக்கையில் இருந்த மாப்பிள்ளையை மறைத்தது. எஞ்சின் முன் குனிந்தவர் பெரியவர் ஒருவர்தான்.

"மிதிங்க."

எஞ்சின் எகிறியது. வயர்க்கட்டின் நடுவில் நீலமாக ஒன்று மின்னியது. ஒரு வயரிலிருந்து பக்கத்து வயருக்கு, எறும்பு தாவுவது போல ஒரு பொறி. உடனே 'டப்'. மறுபடியும் பொறி. மறுபடியும் 'டப்'.

பெரியவருக்குப் புரிந்துவிட்டது. சொல்லித் தர யாரும் தேவைப்படவில்லை. எண்ணெய் குடித்துத் தடித்துப்போன பழைய வயர்கள். அவர் இறுக்கிய இறுக்கில் ஒன்றோடொன்று உரசி உறை நைந்திருந்தது. மூன்றாவது சிலிண்டருக்குப் போக வேண்டிய மின்சாரம் நாலாவதற்குத் தாவியது. அங்கே பெட்ரோல் உள்ளே வரும் வால்வு இன்னும் மூடியிருக்கவில்லை. அகாலத்தில் பற்றிய நெருப்பு, வந்த வழியே திரும்பி கார்புரேட்டர் வாயில் வெடித்தது. பாவம், கார்புரேட்டர் என்ன செய்யும்?

"ஏதாவது தெரியுதா மாமா?"

"அணைங்க" என்றபடி பெரியவர் பையிலிருந்து கத்தியை எடுத்தார். டேப்பை அறுத்து உருவி, வயர்களைத் தனித்தனியாக விலக்கினார்.

"இப்பக் கிளப்பி மிதிங்க."

எஞ்சின் வழுக்கிக்கொண்டு ஏறியது. பொறி இல்லை, ஒரு விக்கல்கூட இல்லை. இருட்டில் நர்சம்மா "கடவுளே" என்று மூச்சு விட்டது கேட்டது.

"என்ன மாமா பண்ணினீங்க?"

அறுத்த டேப் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டிருந்தது. பெரியவர் அதைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டார்.

"வயர் நல்லாத்தான் இருக்கு. கார்புரேட்டர்ல ஒரு ஸ்க்ரூ. லேசா திருப்பி விட்டேன்."

ஷட்டர் ஏறியது. வெளிச்சம் கண்ணைக் குத்தியது. மாப்பிள்ளை இறங்கி வந்து, கந்தல் துணியில் கையை விரல் விரலாகத் துடைத்தான்.

"அப்ப தப்பு என்னோடதுதான் மாமா" என்றான். நர்சம்மாவிடம் திரும்பி, "மன்னிச்சிருங்கம்மா, உங்களை மூணு தடவை அலைய விட்டுட்டேன்" என்றான்.

மகள் மாடிப்படியை ஒருமுறை பார்த்தாள், எதை எதை மூட்டை கட்ட வேண்டும் என்று கணக்குப் போடுகிறவள் போல.

மாப்பிள்ளை அதோடு நிற்கவில்லை. ஒரு தடித்த சாக்கை நனைத்துப் பிழிந்து காரின் முன் சீட்டுக்குக் கீழே வைத்தான். சுவரில் மாட்டியிருந்த சின்னத் தீயணைப்பானையும் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தான்.

"மறுபடி தீ வந்துச்சுன்னா முதல்ல அந்தப் பொண்ணை இறக்கிடுங்கம்மா. அப்புறம் இதை அடிங்க. அதுக்கப்புறம் சாக்கைப் போட்டு மூடுங்க."

வேலை போகப் போகிற மனிதன், முகம் தெரியாத ஒரு கர்ப்பிணிக்காகச் சாக்கை நனைக்கிறான். பெரியவர் தன் கையைப் பார்த்தார். டேப்பின் பசை இன்னும் போகவில்லை. விலக்கி விட்ட வயர்கள் எத்தனை நேரம் விலகியிருக்கும்? கொண்டை ஊசி வளைவில் எஞ்சின் குலுங்கும், சூட்டில் வயர் தளர்ந்து சரியும், நைந்த இடமும் நைந்த இடமும் மறுபடி தொடும். இது அவருக்குத் தெரியும். அங்கிருந்த நால்வரில் அவருக்கு மட்டும்தான் தெரியும். இல்லை, மேலே இருக்கிற ஆண்டவனுக்கும் தெரியும்.

நர்சம்மா வண்டியைக் கிளப்பினாள். கியர் விழுந்தது. கார் ஒரு முழம் நகர்ந்தது.

பெரியவர் குறுக்கே போய் பானெட்டில் இரண்டு கையையும் ஊன்றினார்.

"அணைங்கம்மா. அணைங்க!"

"என்ன பெரியவரே, நேரமாகுது!"

"நான் சொன்னது பொய். ஸ்க்ரூவை நான் தொடவே இல்ல." சட்டைப் பையிலிருந்து டேப் சுருளை எடுத்து எல்லோரும் பார்க்க நீட்டினார். "வயர்தான் கோளாறு. அழகா இருக்கட்டும்னு நாலையும் சேத்து இறுக்கிக் கட்டினது நான். உரசி நைஞ்சுபோச்சு. இப்படியே போனா பாதி மலையில மறுபடி வெடிக்கும். மாப்பிள்ளை செஞ்ச வேலையில ஒரு குத்தமும் இல்ல."

நர்சம்மா ஜன்னல் வழியே தலையை நீட்டினாள்.

"யார் தப்புன்னு சாயங்காலம் உக்காந்து பேசுங்க. இப்ப வண்டி ஏறுமா ஏறாதா?"

"புது வயர் இருக்கா?" என்று மகளைக் கேட்டார்.

"இந்த மாடலுக்கு இல்லப்பா. சொல்லித்தான் வரவழைக்கணும்."

அதற்குள் மாப்பிள்ளை பின்பக்கம் நடந்திருந்தான். பட்டறையின் பழைய பிக்கப் வண்டியில் இருப்பதும் இதே எஞ்சின்தான். வயர் போன வருஷம் மாற்றியது. அவன் அதை உருவிக்கொண்டு வந்தான்.

"மாமா, லைட்டைப் பிடிங்க."

பெரியவர் லைட்டைப் பிடித்தார். மாப்பிள்ளை வயர்களை ஒவ்வொன்றாக மாட்டினான். ஒன்றோடொன்று தொடாமல், ஒன்று நேராக, ஒன்று வளைந்து, பார்க்க அலங்கோலமாக. பெரியவரின் விரல்கள் சரிசெய்யத் துறுதுறுத்தன. லைட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"நானும் கூடப் போறேன் மாமா. புது வயர்னாலும் மலையில ஒரு ஆள் கூட இருக்கறது நல்லது."

"போய்ட்டு வாங்க" என்றார் பெரியவர். லைட்டை அணைத்து மாட்டினார்.

கார் தெருவில் இறங்கி மலைச்சாலையின் பக்கம் திரும்பியது. பெரியவர் வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். முதல் மேடு. சத்தமில்லை. இரண்டாவது மேடு. பிறகு எஞ்சின் ஒலியே தேய்ந்து போனது. மகள் சாப்பிடக் கூப்பிட்டாள். அவர் போகவில்லை. வாசலில் நின்றபடியே உதடு அசையாமல் வேண்டிக்கொண்டார், முதலில் அந்தப் பெண்ணுக்காக, அப்புறம் தனக்காக.

மதியம் சாய்ந்த பிறகு போன் அடித்தது. மகளுக்கு முன்னால் அவர் ஓடி எடுத்தார்.

"ஆஸ்பத்திரியில சேத்தாச்சு மாமா. அந்தப் பொண்ணு நல்லாருக்கு. வழியில ஒரு தடவைகூட வெடிக்கல."

பெரியவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளை, காலைல நான் பேசினது..."

"இருங்க மாமா, நர்சம்மா கூப்பிடறாங்க. வந்து பேசறேன். பிக்கப்புக்கு வயர் சொல்லிட்டீங்களா? நாளைக்கு அதுல லோடு எடுக்கணுமே நாம."

'நாம' என்று அவன் சொன்னதைப் பெரியவர் போனை வைத்த பிறகும் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் எழுந்து, வயருக்குச் சொல்லிவிடும்படி மகளிடம் சொன்னார்.