ஒண்ணு போதும்

கருவூட்டல் முடிந்தும் கட்டிலை விட்டு இறங்கப் பயப்படும் பெண்களைப் பார்த்தால் அவளுக்குச் சிரிப்பு வரும். "எந்திரிச்சு நடங்கம்மா, கொட்டியா போயிடும்?" என்பாள். ஒன்பது வருஷமாக அந்த மருத்துவமனை ஆய்வகத்தில் அவளுக்கு ஒரே வேலை. கணவன்மார் தரும் விந்தைக் கழுவி, இயந்திரத்தில் சுழற்றி, நன்றாக ஓடும் அணுக்களை மட்டும் பிரித்து டாக்டர் கையில் தருவாள்.

இன்று கட்டிலில் கிடப்பவள் அவளே. இது மூன்றாவது முறை, கடைசி முறையும்கூட. இதற்கு மேல் உடம்பும் தாங்காது, மனசும் தாங்காது என்று வீட்டில் சொல்லிவிட்டாள்.

தன் புருஷன் தந்த மாதிரியைத் தானே தொடக்கூடாது என்பது அங்கே சட்டம். அதனால் சுவருக்கு அந்தப் பக்கம், ஆய்வகத்தில் அவளுக்குக் கீழே இருக்கும் கண்ணாடிக்காரி வேலை பார்த்தாள். அவளுக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவளே இவள்தான். இயந்திரம் உறுமும் சத்தம் கேட்டதும் இவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"மெஷின் ஆடாம இருக்க எதிர்ப்பக்கம் தண்ணிக் குழாய் வச்சியாடி? எடை சரியா இருக்கா?"

"அக்கா, இன்னிக்கு நீங்க பேஷன்ட். வாய மூடிட்டுப் படுங்க."

டாக்டர் வந்தார். மெல்லிய குழாயை உள்ளே செலுத்தினார். இரண்டே நிமிஷம். "பதினஞ்சு நிமிஷம் படுத்திருந்துட்டுக் கிளம்புங்க" என்று போய்விட்டார்.

எப்படிப் படுத்திருப்பது? மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஓடும் அணுக்கள் எத்தனை தேறின என்ற எண்ணிக்கை அவளுக்குத் தெரிய வேண்டும். மற்ற பெண்களுக்கு நல்ல எண்ணிக்கை வந்தால் அவள் வாய் நிற்காது. "ரெண்டு கோடிம்மா!" என்று லாட்டரி விழுந்த மாதிரி கூவுவாள். குறைந்திருந்தால் எண்ணை விழுங்கிவிட்டுத் தோளைத் தட்டுவாள். "கூட்டம் எதுக்கும்மா? ஒண்ணு போதும்." அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.

கண்ணாடிக்காரி கையுறையைக் கழற்றியபடி வந்தாள்.

"எவ்வளவுடி?"

அவள் மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துடைத்தாள். அது சுத்தமாகத்தான் இருந்தது. பிறகு கிட்டே வந்து தோளைத் தட்டினாள்.

"கூட்டம் எதுக்குக்கா? ஒண்ணு போதும்."

அடிப்பாவி, என் சரக்கை எனக்கே விற்கிறாயா! கோபம் பொத்துக்கொண்டு வந்தது, கூடவே அழுகையும். இதே வார்த்தையை வாங்கிக்கொண்டு எத்தனை பேர் இந்தக் கட்டிலிலிருந்து இறங்கிப் போயிருப்பார்கள்? அவர்களுக்கும் புரிந்துதான் இருக்குமோ? ஊருக்குத்தான் உபதேசம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

கண்ணாடிக்காரி நகர்ந்ததும் புருஷன் எட்டிப் பார்த்தார். லாரி ஓட்டுகிறவர். வெளியே நடந்த நடைக்கு அடுத்த ஊரே போய்ச் சேர்ந்திருக்கலாம். எண்ணிக்கை குறைந்தால், எல்லாம் என்னால்தான் என்று ஒரு வாரம் சோறு இறங்காமல் திரியும் மனுஷன்.

"என்ன சொன்னாங்க?"

வாயைத் திறந்தாள். வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

"கூட்டம் எதுக்குங்க? ஒண்ணு போதுமாம்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அதானே! ஒண்ணு போதும்ல!" என்று கட்டிலோரம் உட்கார்ந்து அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க, அவளுக்கும் அந்தப் பாழாய்ப்போன ஆசை வந்துவிட்டது.

பதினைந்து நிமிஷம் எப்போதோ முடிந்திருந்தது. கண்ணாடிக்காரி வந்து, "எந்திரிங்கக்கா, அடுத்த ஆள் காத்திருக்காங்க" என்றாள்.

"இருடி, இன்னும் கொஞ்ச நேரம்" என்றாள் அவள், அசையாமல்.