முட்டையும் பென்சிலும்

முட்டைக்குத் தேதி போடுகிறவனால் நாடு முன்னேறாது. விளையாட்டாகச் சொல்லவில்லை. சரவணம்பட்டி அறையில் இல்யாஸுடன் ஏழு மாதம் குடியிருந்து நான் கண்டறிந்த உண்மை. முட்டை வாங்கி வந்ததும் பென்சிலை எடுத்து, ஒவ்வொன்றின் மேலும் தேதி எழுதுவான்.

"பொறந்தநாள் கொண்டாடறயாடா? சொல்லு, கேக்கு நான் வாங்கறேன்" என்பேன்.

அடுத்த முட்டையை எடுப்பான்.

அன்று நோன்பு திறக்க அவன் அம்மா உம்மல் குல்சும் எங்கள் அறைக்கே வந்துவிட்டார்.

"நிதீஷு, இவன் ஒடம்பு பாதியாப் போச்சு. நீங்க ஆக்கறதத் தின்னு பாத்துப்போட்டுத்தான் இங்க உடறதா, ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறதான்னு முடிவு."

இல்யாஸ் கஞ்சி வாங்கப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தான். அடுப்பு என் பொறுப்பு. நோன்பு திறக்க இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

வீட்டுக்காரர் மரத்து முருங்கைப்பூ வெங்காயத்தோடு வதங்கிக்கொண்டிருந்தது. முட்டைக்குக் கை நீட்டியவன் அப்படியே நின்றேன். நான்கு முட்டைகளும் பளபளத்தன. அம்மா வருகிறாரே என்று காலையில் நானே தேய்த்துக் கழுவியவை. ஒன்றிலும் இப்போது தேதி இல்லை. இரண்டு நேற்று வாங்கியவை. மற்ற இரண்டும் பொங்கலிலிருந்து ஜன்னலோரம் வெயில் காய்ந்தவை.

"பூவு கருகுது பாரு கண்ணு."

"இதோங்கம்மா."

தீயைக் குறைத்தேன். அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு டம்ளரில் முதல் முட்டையை உடைத்து மோந்தேன். நல்லது. சட்டியில் ஊற்றினேன்.

இரண்டாவது உடையும்போதே நாற்றம் வந்துவிட்டது. டம்ளரைத் தட்டால் மூடி, ஜன்னலைத் திறந்தேன். வேறு டம்ளர் எடுத்தேன். மூன்றாவது நல்லது. நான்காவதை வெடிகுண்டு போல ஏந்திப் போய்க் குப்பைக்கூடையில் படுக்க வைத்தேன்.

பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம், கஞ்சி, பிறகு பொரியல். உம்மல் குல்சும் மெதுவாக மென்றார். இல்யாஸ் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

"உப்பு சரியாத்தான் இருக்குது" என்றார். "மூடி வெச்சயே, அந்த டம்ளர ரெண்டு தடவ கழுவு கண்ணு. நாளைக்கு இவன் அதுலதான் தண்ணி குடிக்கோணும்."

மறுநாள் கடையில் ஆறு முட்டை வாங்கினேன். இல்யாஸ் கல்லூரிக்குப் போகும்வரை காத்திருந்து, கதவைத் தாழிட்டு, அவன் பென்சிலைத் தேடி எடுத்தேன். ஆறாவது முட்டையில் தேதி கொஞ்சம் கோணலாக விழுந்தது.