நீலம் படாத சட்டை

மாடியில் பில்லியர்ட்ஸ் ஹால். அதற்கு நேர் கீழே சலவைக் கடை. பதினொரு வருஷமாக அக்காவின் தலைக்கு மேலே பந்துகள் மோதிக்கொண்டே இருக்கின்றன. டக், டக், அப்புறம் குழியில் விழும் ஒரு 'தொப்'. முதல் வருஷம் தலைவலி வந்தது. இப்போதெல்லாம் சத்தம் நின்றால்தான் நிமிர்ந்து பார்க்கிறாள். கடைக்குத் துணி கொண்டுவருபவர்கள், மாடியேறிப் போகிறவர்கள், எதிர்வரிசைக் கடைக்காரர்கள் எல்லோருக்கும் அவள் அக்காதான். பெற்றவர்கள் வைத்த பெயரைக் கூப்பிட ஆளே இல்லை.

இரண்டு வாஷிங் மெஷின், ஒரு பெரிய தொட்டி, நீராவி இஸ்திரி ஒன்று, இதுதான் கடை. வேலையில் அவள் கறார். கறை போகும் என்றால் எப்பாடுபட்டாவது எடுத்துவிடுவாள். போகாது என்று தெரிந்தால் காசு வாங்க மாட்டாள். ஒரு துண்டுச் சீட்டில் 'போகாது' என்று எழுதி, காலரில் குண்டூசியால் குத்தித் திருப்பிக் கொடுத்துவிடுவாள். அந்தச் சீட்டைப் பார்த்தால் அதற்கு மேல் யாரும் வாதாட மாட்டார்கள்.

துணியைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவாள். தாலி கட்டிய வீட்டுக்காரரின் சட்டை என்றால் அக்குளில் மஞ்சள் வட்டம். மனுஷருக்கு வெயிலில்கூட அவ்வளவாக வியர்க்காது; பயந்தால் போதும், குடம் குடமாக வியர்த்துவிடும். பில் கட்டும் வரிசையில் நின்றாலும் வியர்க்கும், ஊசி போட நர்ஸ் வந்தாலும் வியர்க்கும், கடைசி பஸ் போய்விட்டதோ என்று சந்தேகம் வந்தாலும் வியர்க்கும். எலுமிச்சம்பழம் தேய்த்துத் தேய்த்தே அவளுக்கு விரல்நுனி வெளுத்துவிட்டது.

கூடப் பிறந்த தம்பியின் சட்டை என்றால் நீலம். பில்லியர்ட்ஸ் குச்சியின் முனையில் தேய்க்க ஒரு சின்ன நீலச் சாக்பீஸ் கட்டி வைத்திருப்பார்கள். தேய்க்காமல் அடித்தால் முனை பந்தில் வழுக்கிவிடும். பந்து ஒரு பக்கம் போகும், ஆட்டம் ஒரு பக்கம் போகும். தேய்த்த கையை ஐயா சட்டையில்தான் துடைப்பார், அதுவும் சரியாக இடது பையின் கீழே. சொன்னால் கேட்கிற ஜென்மமா அது?

தம்பிக்கு உத்தியோகம் ஹாலில் ஆளை ஏமாற்றுவது. இதை வேறு எப்படி நாகரிகமாகச் சொல்வது? பூனைக்கை என்று பட்டப்பெயர். புதிதாக ஒருவன் காசோடு வந்தால் முதல் நாள் அவனிடம் தோற்பான். தலையில் கைவைத்து உட்கார்ந்து, "என் நேரம் சரியில்லப்பா" என்று அழாத குறையாகப் புலம்புவான். வந்தவன் பூரித்துப் போய் மறுநாள் பையை நிரப்பிக்கொண்டு வருவான். அன்றைக்குத் தம்பி அவனை உரித்துவிடுவான்.

ஒருமுறை தொட்டியில் துணியை அலசும்போது அக்கா கேட்டாள்: "என்னடா, தோத்துட்டேன்னு நேத்து ஊரையே கூட்டின. சட்டையில ஒரு பொட்டு நீலம் இல்ல?"

தம்பி கண்ணைச் சிமிட்டினான். "தோக்கறதுக்கு எதுக்குக்கா சாக்பீஸ்? தடவாம அடிச்சா குச்சி வழுக்கும். குச்சி வழுக்கினா யாரும் ஆளைத் திட்ட மாட்டான், குச்சியத்தான் திட்டுவான்."

அன்றைக்கு அவளும் சிரித்தாள். இப்போது நினைத்தால் தன் வாயிலேயே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

சனிக்கிழமை மதியம், மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால். ஓட்டல் மேசை விரிப்புகளை அவள் மடித்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் வந்தார். காலையில் அவளே இஸ்திரி போட்டுக் கொடுத்த வெள்ளைச் சட்டை. வாசலிலேயே நின்றுகொண்டு, காய்கறி விலை சொல்வதுபோலச் சொன்னார்.

"மூணு மணிக்கு மாடியில தம்பிக்கு ஆட்டம். வெளியூர் ஆளு, கண்ணாடிக்காரன்னு சொல்வாங்க. ஹால் முதலாளிதான் அவனுக்குப் பின்னாடி நிக்கறாரு. நம்ம பக்கம் கடைப் பத்திரத்த வெச்சிருக்கேன்."

அவளுக்குக் காது அடைத்துக்கொண்டது. "எந்தக் கடை?"

"எத்தன கடை இருக்கு நமக்கு?"

கடை வாங்கியது அவள் காசில். ஓட்டல் ஓட்டலாகப் போய் அழுக்கு மூட்டை சுமந்து சேர்த்த காசு. பத்திரம் எழுதும்போது, குடும்பத்தலைவர் பெயரில் இருந்தால் மரியாதை என்று யாரோ சொல்லி, இவளும் சரியென்று தலையாட்டி, அவர் பெயரில் எழுதினார்கள். ஹாலைக் கீழேயும் விரிக்க வேண்டும் என்று மாடி முதலாளி மூன்று தடவை விலைக்குக் கேட்டாயிற்று. மூன்று தடவையும் அக்கா முடியாது என்றாள். மூன்று தடவையும் வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நாலு நாள் பேசாமல் இருந்தார்.

"உங்களுக்குப் புத்தி கித்தி பிசகிடுச்சா? போய் வாங்கிட்டு வாங்க பத்திரத்த!"

"கையெழுத்துப் போட்டாச்சு. இப்ப பின்வாங்கினா கடையும் போகும், மானமும் போகும். ஏன் பதறற? நம்ம தம்பி தோக்கவே மாட்டான். ஜெயிச்சா கடை விலை அளவுக்குக் காசு கைக்கு வரும்."

சொல்லிவிட்டு நாக்கூசாமல், "சாப்பாடு இருக்கா?" என்று வேறு கேட்டார்.

சோறு எங்கே போடுவது? கையிலிருந்த விரிப்பைப் போட்டுவிட்டு அவள் மாடிப்படி ஏறினாள். அவரும் பின்னாலேயே ஏறினார். பதினொரு வருஷத்தில் அவள் அந்தப் படியில் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

ஹாலா அது? த்தூ. சிகரெட்டும் வியர்வையும் நேற்றுக் கொட்டிய பீரும் சேர்ந்து குப்பென்று முகத்தில் அடித்தது. தரை செருப்பைப் பிடித்து இழுத்தது. தொட்டுப் பார்த்தால் ஒட்டிக்கொள்ளும் என்பதுபோலச் சுவர். அதைவிட மோசம் அங்கே நின்ற மனிதர்கள். இருபது இருபத்தைந்து பேர், அத்தனை பேரும் அவளுக்குத் தெரிந்த சட்டைகள். வீட்டில் நோயாளி அம்மாவை வைத்துக்கொண்டிருக்கும் ஆட்டோக்காரர், போன மாதம் பெண்ணுக்கு ஃபீஸ் கட்ட முடியவில்லை என்று அழுத தையல்காரர், பள்ளிக்கூட வாட்ச்மேன். உள்ளூர்க்காரன் என்று அத்தனை பேரும் பூனைக்கை மேல் பணம் கட்டியிருந்தார்கள். பந்து உருளும்போது அவர்கள் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. ஈ புகுந்தால்கூடத் தெரிந்திருக்காது.

ஆட்டக் கணக்கு எளிது. எண்களின் வரிசைப்படி பந்துகளைப் போட்டுவர வேண்டும். ஒன்பதாம் நம்பர் பந்தைக் குழியில் போட்டவனுக்கு அந்த ஆட்டம். முதலில் ஒன்பது ஆட்டம் எடுப்பவனுக்குப் பந்தயம்.

கண்ணாடிக்காரன் மூக்கைக்கூடச் சொறியாமல் விளையாடினான். தம்பி நன்றாகத்தான் ஆடினான், அதையும் சொல்ல வேண்டும். அடிக்கு முன்னால் சாக்பீஸ், அடித்த பின் சட்டையில் கை. இடது பையின் கீழே நீலம் திட்டுத் திட்டாக ஏறிக்கொண்டே வந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அக்காவுக்கு மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. இதற்குப் போய் ஒரு நாளும் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. எவ்வளவு வேண்டுமானாலும் துடைடா ராஜா, நான் துவைத்துத் தருகிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

எட்டுக்கு எட்டு. கடைசி ஆட்டம்.

முதல் பந்திலிருந்து எட்டாம் பந்து வரை இருவரும் மாற்றி மாற்றி எடுத்தார்கள். எட்டைத் தம்பி போட்டான். பச்சைத் துணிமேல் மிச்சம் ஒன்பது மட்டும். மூலைக் குழிக்கு இரண்டு சாண் தூரம், கொஞ்சம் கோணம். அவன் தூக்கத்திலேயே போடுகிற பந்து. ஆட்டோக்காரர் "முடிஞ்சுது, முடிஞ்சுது" என்று கையைத் தேய்த்தார்.

தம்பி மேசையைச் சுற்றி வந்தான். சாக்பீஸ் மேசை விளிம்பில், அவன் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. அதை எடுக்கவில்லை. குனிந்தான். குச்சியை நீட்டி ஒத்திகை பார்த்தான். நிமிர்ந்து, நெற்றியைத் துடைத்து, பெரிய கவலைக்காரன்போல ஒரு பெருமூச்சு விட்டான். மறுபடியும் சாக்பீஸைத் தாண்டித்தான் கை போனது.

தோக்கறதுக்கு எதுக்குக்கா சாக்பீஸ்?

விற்றுவிட்டான். கூடப் பிறந்தவளின் கடையை, நாலு பேர் முன்னால், குச்சி வழுக்குகிற சாக்கில் விற்கப் போகிறான். அவளுக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, குமட்டல். இவன் காய்ச்சலில் கிடந்தபோது இந்தக் கையால்தானே வாந்தி அள்ளினோம் என்று நினைத்தாள்.

வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தாள். சொல்லிவிடலாம், பிடித்து நிறுத்திவிடலாம். அவர் இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் கோத்துக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தார். மின்விசிறி கிட்டத்தில்கூட இல்லை. ஹாலே வெந்துகொண்டிருந்தது. தையல்காரருக்கு முதுகு முழுக்க நனைந்திருந்தது.

வீட்டுக்காரரின் அக்குள் காய்ந்திருந்தது.

அவள் நம்ப முடியாமல் மறுபடி பார்த்தாள். காலையில் அவள் வைத்த இஸ்திரி மடிப்பு கைப்பகுதியில் அப்படியே கத்திபோல் நின்றது. பஸ் போய்விட்டதோ என்று வியர்க்கிற மனுஷனுக்கு, குடும்பத்தின் கஞ்சி மொத்தமும் அந்த ஒற்றைப் பந்தில் இருக்கும்போது ஒரு சொட்டு வியர்க்கவில்லை. பயம் இருந்தால்தானே வியர்க்கும்? பந்து எங்கே போகப்போகிறது என்று அவருக்கு முன்பே தெரியும்.

முதலாளியிடம் விற்கலாம் என்று சொன்னால் இவள் ஒத்துக்கொள்ள மாட்டாள். ஆட்டத்தில் போய்விட்டது என்றால் விதியைத் திட்டிவிட்டு அடங்கிவிடுவாள். அப்புறம் முதலாளி கொடுப்பதை மச்சானும் மச்சானுமாகப் பங்கு போட்டுக்கொள்ளலாம். எவ்வளவு அழகாக யோசித்திருக்கிறார்கள்! அந்த நிமிஷத்தோடு அவள் மனசில் 'அவர்' போய், 'அவன்' வந்து உட்கார்ந்தான்.

தம்பி மூன்றாம் தடவை குனிந்தான்.

"தம்பி, சாக்பீஸ் தடவிக்கோ."

ஹால் முழுக்கச் சிரித்தது. "அக்காவே கோச்சிங் குடுக்க வந்துட்டாங்கடோய்!" என்றார் வாட்ச்மேன்.

தம்பி சிரிக்கவில்லை. "நீ சும்மா இருக்கா. என் வேல எனக்குத் தெரியும்."

"தெரியும்டா. எனக்கும் தெரியும். எதுக்கு சாக்பீஸ் வேணாம்னு தொட்டியாண்ட நின்னு சொன்னியே ஒரு நாளு? அத இவங்களுக்கும் எடுத்துச் சொல்லவா?"

சிரிப்பு ஒவ்வொரு வாயாக அணைந்தது. ஆட்டோக்காரர் குச்சி முனையைப் பார்த்தார், அப்புறம் விளிம்பில் இருந்த நீலக் கட்டியைப் பார்த்தார், அப்புறம் தம்பியின் விரல்களைப் பார்த்தார். போன வருஷம் காசு வாங்கிக்கொண்டு தோற்றுக் கொடுத்தவனுக்கு இதே மேசையில் வைத்து என்ன செய்தார்கள் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். அவனுக்கு இன்றுவரை வலது கையால் பொத்தான் போட வராது.

அக்கா போய் அந்தக் கட்டியை எடுத்துத் தம்பியின் கையில் வைத்தாள். "தடவு. நல்லாத் தடவு. நான் துவைக்கறேன்."

அவன் தடவினான். பொடி உதிர உதிரத் தடவினான். குனிந்தான், அடித்தான். ஒன்பது போய்க் குழியின் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டி, கொஞ்சம் தயங்கி உள்ளே விழுந்தது. தொப். கீழே இருந்து பதினொரு வருஷம் கேட்ட அதே சத்தம்.

கூச்சலில் கூரை பிய்ந்தது. தம்பியைத் தூக்கி ஆட்டினார்கள். முதலாளி முகம் கறுத்துப் பத்திரத்தையும் பந்தயப் பணத்தையும் மேசைமேல் விட்டெறிந்தார். அக்கா திரும்பிப் பார்த்தாள். சுவரோரம் நின்ற வெள்ளைச் சட்டையில் அக்குளிலிருந்து ஈரம் வட்டமாகப் பரவி இடுப்பை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. கடை கையைவிட்டுப் போகும்போது வியர்க்காதவனுக்கு, கடை தப்பியதும் வியர்த்தது.

இரண்டையும் எடுத்துக்கொண்டு படி இறங்கினாள். இருவரும் பின்னாலேயே ஓடிவந்தார்கள்.

"பாத்தியாக்கா, உனக்காக எப்படி அடிச்சேன்?" என்று இளித்தான் தம்பி.

"நான்தான் அப்பவே சொன்னேன்ல, தம்பி தோக்க மாட்டான்னு" என்றான் புருஷன், மூச்சு வாங்க.

என்ன பிறவிகள்! பிடிபட்ட பிறகும் பல்லைக் காட்ட முடிகிறதே. அக்கா இரண்டு பேரையும் மேலிருந்து கீழ் வரை பார்த்தாள்.

"திங்கட்கிழமை காலையில பத்திர ஆபீசு. கடை என் பேருக்கு மாறணும். மாறலன்னா மாடியில இருக்கற இருபத்தஞ்சு பேர்கிட்டயும் நான் பேசிக்கறேன்."

"என்ன பேச்சு இது? நான் உனக்குப் புருஷன். என்னங்க, ஏதுங்கன்னு..."

"நீ பேசாத."

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் அவள் வாயில் அந்த 'நீ' வந்ததே இல்லை. தம்பிதான் முதலில் தலையைக் குனிந்தான்.

அவள் கடைக்குள் போனாள். இஸ்திரி போட்டு மாட்டியிருந்த வரிசையில் அவர்கள் இருவரின் நேற்றைய சட்டைகளும் இருந்தன. தம்பியுடையதில் நீலம் துளிகூட மிச்சமில்லை. புருஷனுடையதில் மஞ்சள் வட்டம் போன இடமே தெரியவில்லை. அவள் இரண்டு துண்டுச் சீட்டு கிழித்து, எழுதி, இரண்டு காலரிலும் குண்டூசி குத்தினாள். கொண்டுவந்து வாசல் ஆணியில் மாட்டிவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினாள்.

"இது சுத்தமாத்தானே இருக்கு? எதுக்கு இதுல போய் 'போகாது'ன்னு குத்தியிருக்க?" என்றான் புருஷன் வெளியிலிருந்து.

அவள் மேசை விரிப்புகளை மடிக்க உட்கார்ந்தாள். ஷட்டருக்குக் கீழே தெரிந்த வெளிச்சத்தில், அவன் கறை எங்கே என்று சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.