கைகளுக்கு மட்டும் வந்த விசா

1984ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை காலை, தெல்லிப்பழை தியாகராசாவின் இரண்டு கைகளும் சவூதிக்கு வேலைக்குப் போயின. தியாகராசா போகவில்லை. மணிக்கட்டு வரைக்கும் உள்ள ஆள் ஊரிலேயே நின்றான். அந்தக் கிழமை சின்ன வெங்காயத்துக்கு நல்ல விலை கிடைத்தது என்பதையும், காங்கேசன்துறையில் சூடை மீன் மலிந்து கிடந்தது என்பதையும், தியாகராசாவின் கைகள் போய்விட்டன என்பதையும் சனம் ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டு திரிந்தது. ஒருவரும் வாயைப் பிளக்கவில்லை. முன்வீட்டு இரத்தினம்மா மட்டும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "எந்தக் கொம்பனி?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுத் தன் மகனுக்கும் அங்கே ஏதாவது பார்க்கலாமோ என்றாள்.

தியாகராசா சீமெந்துத் தொழிற்சாலையில் வெல்டர். இரண்டு குழாய்களை அவன் ஒட்டினால் ஒட்டின இடத்தைத் தேட வேண்டும் என்று மேற்பார்வையாளர்களே சொல்வார்கள். வெளிநாட்டு ஆசை அவனுக்குக் கிடையாது. ஆசைப்பட்டவள் மனைவி பத்மாவதி. காசுக்காக ஆசைப்பட்டாள் என்று பிறகு கதைத்தவர்களின் வாயில் புழுப் பிடிக்கட்டும். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு இளம் ஆம்பிளைகள் வேலைக்குப் போனால் பொழுதுபடுமுன் திரும்பி வருவார்களா என்று தெரியாத காலம். வயிற்றில் நாலு மாதம். மனுசன் எந்தப் பாலைவனத்திலாவது உயிரோடு இருந்தால் போதும் என்று நினைத்தாள். வெளியே அனுப்ப ஒரு முதலாளி பொறுப்பெடுக்க வேண்டும், அவன் விசா அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்த சட்டம்.

யாழ்ப்பாணம் பட்டினத்தில் செல்வரட்ணத்தின் கந்தோர் இருந்தது. ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரர். எந்நேரமும் வாயில் ஏதாவது அரைபட்டுக்கொண்டிருக்கும், விரல்களைச் சூப்பிவிட்டு அதே விரல்களால் பாஸ்போட்டைப் புரட்டுவார். கந்தோரின் பின்வளவில் வெல்டிங் மெஷின் ஒன்றை வைத்து அறுபத்து மூன்று பேரை ஒரே நாளில் பரீட்சித்தார்கள். கொம்பனியிலிருந்து வந்த வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவனிடமும் பெயர் கேட்கவில்லை, ஒருவன் முகத்தையும் பார்க்கவில்லை. ஒட்டின குழாயைப் பார்த்தான், பிறகு கைகளைப் பிடித்து, சுன்னாகம் சந்தையில் கத்தரிக்காய் வாங்க வந்தவன் மாதிரி அமத்தி, திருப்பி, மணந்துகூடப் பார்த்தான். தியாகராசாவின் கைகளை இரண்டு தரம் மணந்தான். மதிலோரம் நின்ற பத்மாவதிக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. பிள்ளைக் குமட்டல் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். அன்று அவளுக்கு வந்தது சரியான குமட்டல்தான் என்பது பிறகு தெரிந்தது.

ஒப்பந்தத்தில் கையொப்பம் வைக்க நேரம் பார்த்தார்கள். யாழ்ப்பாணத்தில் இதுவே பெரிய வில்லங்கம், ஏனென்றால் பஞ்சாங்கம் இரண்டு. பத்மாவதியின் தாய்வீட்டில் வாக்கியம், தியாகராசாவின் வீட்டில் திருக்கணிதம். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் விட்டுக்கொடுக்காததால் இரண்டுக்கும் பொதுவான நல்லநேரம் தேடிப் பிடிக்கப்பட்டது. அது காலை பத்து முப்பத்தெட்டிலிருந்து பத்து நாற்பத்திரண்டு வரை, நாலே நாலு நிமிடம். செல்வரட்ணம் தேத்தண்ணி குடித்து முடித்து வரும்போது பத்து முப்பத்தொன்பது. தாள்கள் பதினொன்று, எல்லாம் இங்கிலிஷ். பத்மாவதி மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள், வாசிக்கத் தெரிந்தவள். முதலாம் பக்கத்தில் நாலு வரி வாசித்தவள் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, நேரம் போகுது. பிறகு வாசிப்பம். முதல் வையுங்கோ."

தியாகராசா பத்து நாற்பத்தொன்றுக்குக் கடைசித் தாளில் கையொப்பம் வைத்தான். ஏழாம் பக்கத்தில், ஒளிவுமறைவில்லாமல், பெரிய எழுத்திலேயே இருந்தது: முதலாளி பொறுப்பேற்பது தொழிலுக்குத் தேவையான உறுப்புகளுக்கு மட்டும், எஞ்சிய பகுதிக்கு விசா வழங்கப்பட மாட்டாது. நல்லநேரத்தில் செய்த காரியம் நல்லபடியாக முடியும் என்று இரண்டு பஞ்சாங்கமும் சொல்லியிருந்தன. கொம்பனிக்கு அப்படித்தான் முடிந்தது.

கைகளைக் கழற்றுவதில் ஒரு கஷ்டமும் இருக்கவில்லை. போத்தல் மூடியைத் திருகுவதுபோல் செல்வரட்ணத்தின் ஆள் திருகினான், வந்துவிட்டன. இரத்தமில்லை, நோவில்லை. மீனுக்கு ஐஸ் போடுகிற ரெஜிஃபோம் பெட்டியில் வைத்து மூடினார்கள். "மீன் பெட்டியிலையோ?" என்று பத்மாவதி கத்தினாள். "கழுவினதுதான் அக்கா" என்றார் செல்வரட்ணம், வாயில் வடையோடு. கைகளுக்குத் தனிப் பாஸ்போட் இருந்தது, படத்தில் பத்து விரலும் தெளிவாக விழுந்திருந்தன. அடுத்த வருடம் பண்டத்தரிப்பில் ஒரு மெக்கானிக்கின் காதுகள் ஓமானுக்குப் போயின, சத்தத்தை வைத்தே எஞ்சினின் பழுது சொல்லக்கூடிய காதுகள். அவற்றுக்கு மாலை போட்டு அனுப்பினார்கள்.

பங்குனியில் பிள்ளை பிறந்தது. மீனாம்பிகை என்று பெயர் வைத்தார்கள். தகப்பன் குனிந்து பார்த்தான், தூக்க முடியவில்லை. பத்மாவதிக்கு ஒரு பிள்ளையல்ல, இரண்டு. அவனுக்குச் சோறு தீத்தினாள், சாரம் கட்டிவிட்டாள், சவரம் செய்தாள், திருநீறு பூசினாள், சொல்லக் கூசுகிற மற்ற வேலைகளையும் செய்தாள். இதைப் பார்க்க வந்த இனசனம், தீத்திய சோற்றை அவன் மெல்லும்போது பக்கத்திலிருந்து, மாதாமாதம் எவ்வளவு வருகுது என்று விசாரித்தது. வெட்கம் கெட்ட சனம். அவன் மென்றதை விழுங்காமல் வைத்துக்கொண்டு சுவரைப் பார்ப்பான்.

கடிதம் ஒழுங்காக வந்தது. கைகள் எழுதின. அசல் தியாகராசாவின் எழுத்து, அதே சரிவு, அதே அழுத்தம். ஆனால் என்ன எழுதியிருக்கிறது என்று தியாகராசாவுக்கே தெரியாது. பத்மாவதி வாசிக்க அவன் பக்கத்திலிருந்து கேட்பான், ஊரான் வீட்டுக் கதை கேட்பவன் மாதிரி. கண்ணில்லாத கைகள் என்னத்தை எழுதும்? இரும்பு சுடுகிறது, மணல் சுடுகிறது, பெருவிரல் நகம் போய்விட்டது, இராத்திரியில் அலுமாரியில் வைத்துப் பூட்டுகிறார்கள். வாயால் ஒருநாளும் சொல்லாததையும் எழுதின. "உன்ரை தலைமயிரை நினைச்சுக்கொண்டு கிடக்கிறம்" என்று ஒருமுறை வந்தபோது தியாகராசா எழுந்து வெளியே போய்விட்டான். தன் கைகள்மேல் அவனுக்கு அப்படியொரு கோபம் வந்ததை ஊர் அறியாது. இன்னொருமுறை, பிள்ளையின் தலை எவ்வளவு பெரிது, நூலால் அளந்து அனுப்பு என்று கேட்டிருந்தன. பத்மாவதி சிவப்பு நூலை மீனாவின் தலையைச் சுற்றிப் பிடித்து, அளவாக நறுக்கி, கடித உறைக்குள் வைத்து அனுப்பினாள்.

இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்ததும் கைகள் வரும் என்று பார்த்திருந்தார்கள். வரவில்லை. பத்மாவதி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கந்தோருக்குப் போனாள். முதலாளி றிலீஸ் கடிதம் தந்தால்தான் வெளியே விடுவார்கள், முதலாளியோ கைகள் சுகமாக இருக்கின்றன, லீவு எதற்கு என்கிறான் என்றார் செல்வரட்ணம். அப்படியானால் ஒப்பந்தத்தை முறியுங்கோ என்றாள்.

"முறிக்கலாம் அக்கா. தியாகராசா அண்ணை தன்ரை கையாலை ஒரு கடிதம் எழுதி ஒப்பம் வைச்சுத் தரவேணும்."

"அவருக்கு எங்காலை கை?"

"அதுதானே சிக்கல்." மேசை லாச்சியைத் திறந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். "உதைப் பாருங்கோ. போன மாசம் அங்கை கைகள் புதுப்பிச்சு ஒப்பம் வைச்சிருக்கு. அசல் ஒப்பம்."

அது அசல் ஒப்பம்தான். யாரோ அந்த விரல்களுக்கிடையில் பேனையைச் செருகியிருக்கிறான், பழகின விரல்கள் பழகினதைச் செய்திருக்கின்றன. பத்மாவதி தாளைக் கிழிக்கப் போனாள். அவர் பறித்து லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். "ஏனக்கா அந்தரப்படுறியள்? மற்றப் பெண்டுகளின்ரை புருசன்மார் முழுசாப் போயிட்டினம். உங்கடை மனுசன் வீட்டிலைதானே இருக்கிறார்?" என்று சொல்லிவிட்டு விரலைச் சூப்பினார். பத்மாவதி அந்தக் கந்தோரின் படியில் காறித் துப்பினாள். அதன்பிறகு ஒவ்வொரு வருடமும் ஆடி மாதத்தில் போவாள், கேட்பாள், அதே பதில் வரும், அதே படியில் துப்பிவிட்டு வருவாள். படியில் அந்த இடம் வெளிறிப்போயிருந்தது என்று கண்டவர்கள் சொல்வார்கள்.

தொண்ணூறில் சண்டை மூண்டு தெல்லிப்பழை காலியானது. மூவரும் உரும்பிராயில் ஒரு வீட்டின் பாதியில் குடியேறினார்கள். சீமெந்துத் தொழிற்சாலை மூடப்பட்டது. தபால் நின்றது. செல்வரட்ணம் கனடாவுக்குப் போனார், ஒரு உறுப்பும் குறையாமல், வாயையும் கொண்டு.

1995 தையில், சண்டை ஓய்ந்திருந்த சில மாதங்களில், அதே கொம்பனியில் வேலை செய்த அச்சுவேலிக்காரர் ஒருவர் கிளாலியில் வள்ளம் ஏறி வந்து ஒரு பார்சல் தந்தார். பத்து வருடம் தாண்டிவிட்டது, வேகம் குறைந்துவிட்டது, லீவில் அனுப்பியிருக்கிறார்கள், விசா இன்னும் முறியவில்லை என்றார். கைகள் கறுத்து, நெருப்புப் பொட்டுகளோடு, மூன்று நகம் இல்லாமல் இருந்தன. இடதுகைச் சுண்டுவிரலில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது. மணிக்கட்டில் வைத்ததும் தாமாகவே பொருந்தின. பத்மாவதி அன்றைக்குத்தான் முதல்முறையாக விம்மி அழுதாள்.

அடுத்த நாள் காலை ஒன்பதரைக்குத் தியாகராசா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே போட்டான். சவூதியில் அப்போது ஏழு மணி, வேலை தொடங்கும் நேரம். இடதுகை குழாயைத் தேடி அந்தரத்தில் துழாவியது. வலதுகை இல்லாத வெல்டிங் கோலைப் பிடித்துச் சரித்தது. இரண்டரைக்குச் சாப்பாட்டு நேரம் விட்டன, மூன்றரைக்குத் திரும்பத் தொடங்கி ஆறரைக்கு ஓய்ந்தன. தியாகராசா கெஞ்சினான், பல்லால் கடித்தான், பயனில்லை. பிடிக்க ஒன்று கொடுக்காவிட்டால் இடதுகை தன் உள்ளங்கையையே நகத்தால் கிழித்தது. ஆகவே ஒரு துண்டுக் குழாய் தேடி வைத்தார்கள். ஒன்பது இருபத்தெட்டுக்கு அதை இடதுகையில் கொடுப்பது, பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில், மீனாவின் வேலை. லீவு முடிந்தும் பாதை அடைபட்டதால் கைகள் திரும்பிப் போக முடியவில்லை. அதனால் வேலைக்கு ஒரு குறையும் வரவில்லை, இருந்த இடத்திலிருந்தே செய்தன. கடலுக்கு அப்பால் எவனோ ஒருவன் இதில் என்ன இலாபம் கண்டானோ.

வெள்ளிக்கிழமை மட்டும் சவூதியில் விடுமுறை. அந்த வருடச் சித்திரை வருடப்பிறப்பு வெள்ளிக்கிழமையில் வந்தது. தியாகராசா வெற்றிலையில் நெல்லும் காசும் வைத்து, பத்து வயதுப் பிள்ளைக்கு முதன்முதலாகத் தன் கையால் கைவிசேடம் கொடுத்தான். பிறகு கைகள் அவளுடைய தலையைத் தேடிப் போயின. நூலின் அளவுக்குக் குவிந்து போனவை, தலை பெரிதாக இருக்கக் கண்டு திகைத்து, மெல்ல விரிந்தன.

ஐப்பசி முடிவில், ஒரு திங்கட்கிழமை, சண்டை கிட்ட வந்துவிட்டது என்று எல்லாரையும் வெளியேறச் சொன்னார்கள். வலிகாமத்துச் சனம் முழுவதும் ஒரே தெருவில் இறங்கியது. செவ்வாய் காலை செம்மணி தாண்டி நாவற்குழிப் பக்கம் மழையில் அரை அடி அரை அடியாக நகர்ந்தார்கள். இரண்டு பக்கமும் தண்ணீர். தாய்மாரிடமிருந்து பிள்ளைகள் கழன்று போய்க்கொண்டிருந்தார்கள், பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தம் ஓயவேயில்லை. பத்மாவதியின் தலையில் மூட்டை. மீனா தகப்பனின் இடதுகையில். குழாய்த் துண்டு உரும்பிராயில் கதவுக்குப் பின்னால் கிடந்தது. அது நினைவுக்கு வந்தபோது ஒன்பதரை ஆகிவிட்டது. இடதுகை பிள்ளையை விட்டுவிட்டு விரிந்தது.

"பத்மா, பிள்ளையைப் பிடி! கை விட்டிட்டுது!"

பத்மாவதி திரும்புமுன் சனம் பிள்ளையை இரண்டு ஆள் தூரம் இழுத்துக்கொண்டு போனது. மீனா அழவில்லை. ஒன்பது மாதமாக அந்தக் கையைப் பார்த்தவள், அது என்ன தேடுகிறது என்று அவளுக்குத் தெரியும். ஒருவருடைய சைக்கிளுக்குக் கீழால் பூந்து வந்து, துழாவிக்கொண்டிருந்த அந்தக் கைக்குள் தன் முழங்கைக்குக் கீழ்ப்பகுதியைக் குழாய்போல் நீட்டிக் கொடுத்தாள்.

"அப்பா, நான் இஞ்சை. பிடிக்கட்டும்."

கை மூடியது. பதினொரு வருடம் இரும்பைப் பிடித்த பிடி. சனம் நெரித்தது, மாடுகள் வண்டியோடு முட்டின, பாலத்தடியில் பெரிய ஆம்பிளைகளே தண்ணீரில் விழுந்தார்கள், அந்தப் பிடி தளரவில்லை. வலதுகை அவளுடைய தோலின்மேல், மணிக்கட்டிலிருந்து மேலே, நெருப்பில்லாமல், குழாயை ஒட்டுவதுபோல் ஒட்டுப் போட்டுக்கொண்டே வந்தது. பிள்ளை நோவில் உதட்டைக் கடித்துக்கொண்டு நடந்தாள். தியாகராசாவுக்குத் தன் உடம்பே அருவருத்தது. பிள்ளையைக் காப்பாற்றுவது தானல்ல, எவனோ ஒருவனுக்கு ஓடுகிற வேலை என்பது அவனுக்குத் தெரிந்தது. "விட்டிடு" என்று சொல்லவும் வாய் வரவில்லை. இரண்டரைக்கு, கைதடியில், சாப்பாட்டு நேரத்துக்குக் கை திறந்தது. மீனாவின் கையில் ஒரு மெல்லிய தழும்பு நேர்கோடாக ஓடியிருந்தது. நல்ல ஒட்டு, தேடித்தான் பார்க்க வேண்டும்.

சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் ஒன்பது குடும்பங்களோடு இடம் கிடைத்தது. மறுநாள் காலை ஒன்பது இருபத்தெட்டுக்கு மீனா வழக்கப்படி வந்து சட்டைக் கையை மடித்தாள். பத்மாவதி அவளைப் பிடித்து அங்கால் தள்ளிவிட்டு, தான் புருசனுக்கு முன்னால் சப்பாணி கட்டி உட்கார்ந்து, வளையலைக் கழற்றி வைத்துவிட்டுத் தன் கையை நீட்டினாள்.

"அன்றைக்கு ஒப்பம் வைக்க அவசரப்படுத்தினவள் நான்தானே" என்றாள். "என்னை ஒட்டட்டும்."

கைகள் வேலையைத் தொடங்கின. பக்கத்துப் பாயில் கிடந்த கோப்பாய்ப் பெண் எழுந்து சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்தக் கொம்பனி?"

பத்மாவதி பெயரைச் சொன்னாள்.

"ஓம், நல்ல கொம்பனிதான்" என்றாள் அந்தப் பெண். பிறகு, தண்ணீர் வண்டி வந்துவிட்டது, வரிசை யன்னலடிவரை வரும், பாயைக் கொஞ்சம் இழுத்துப் போடுங்கோ என்றாள். ஒரு கையால் இழுக்க முடியாததால் மீனா வந்து இழுத்துப் போட்டாள்.