கை காட்டினா நிறுத்தணும்

அப்பாவின் வலது கை சட்டைக்குள் நுழைய மறுத்தது. மகள் தோளை அழுத்திப் பார்த்தாள், முழங்கையை மடக்கிப் பார்த்தாள். விறைத்துப்போன கை பாதி உயர்ந்த நிலையிலேயே நின்றது. ஆஸ்பத்திரியில் அதை இறக்கி உடம்போடு சேர்த்துக் கிடத்த ஒருவருக்கும் தோன்றவில்லை. துணியைப் போர்த்தி, கையெழுத்து வாங்கி, வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

"உயிரோட இருந்தப்பவே சொன்னா கேக்க மாட்டான். இப்பவா கேக்கப் போறான்? கத்திரிக்கோலை எடு" என்றாள் அத்தை. அப்பாவுக்கு அக்கா. விடிந்ததிலிருந்து அழுதுகொண்டும் திட்டிக்கொண்டும் இருந்தாள்.

சட்டையின் முதுகை அத்தை கீழிருந்து கழுத்துவரை வெட்டினாள். பிரச்சாரத்துக்கென்று வாங்கிய இரண்டு வெள்ளைச் சட்டைகளில் ஒன்று அது. இரண்டு பாதியாகப் போட்டு முதுகுக்கடியில் செருகியதும் முன்பக்கம் பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. மகள் பொத்தான்களைப் போட்டாள். ஜன்னலோரம் நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் மாலையிலிருந்து அவள் வாய் திறக்கவில்லை, கொடுத்த தண்ணீரையும் குடிக்கவில்லை.

அப்பா வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டியவர். மூத்த மகன் பட்டாளத்துக்குப் போய் மூடிய பெட்டியில் திரும்பி வந்தான். பெட்டியைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு. பெற்றவள் முகம் பார்க்கக் கேட்டதற்கு, கூட வந்த அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தான். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை அப்பா நாற்சந்திக்குப் போய், வலது கையைத் தூக்கி உள்ளங்கையைக் காட்டிக்கொண்டு நின்றார். கோஷம் கிடையாது, அட்டை கிடையாது. என்ன இது என்று கேட்டவர்களிடம், "நான் டிரைவர். கை காட்டினா நிறுத்தணும். எனக்குத் தெரிஞ்சது அதுதான். சண்டையையும் நிறுத்துங்கன்னு காட்டறேன்" என்றார்.

நின்றவை பஸ்கள்தான். பழைய டிப்போ ஆட்கள் "ஏறுங்கண்ணே" என்று கதவைத் திறப்பார்கள், உள்ளே இருப்பவர்கள் கடிகாரத்தைக் காட்டிக் கத்துவார்கள். தெரு அவருக்கு வெள்ளைக்கொடி என்று பெயர் வைத்தது. அம்மா மட்டும் அவர் பின்னால் போய் நிற்பாள். கை தளரும்போது முழங்கைக்கடியில் தன் கையைக் கொடுத்துத் தாங்குவாள். மகளுக்கு அது மானக்கேடாக இருந்தது. அந்தச் சந்தியைத் தவிர்க்கத் தெரு சுற்றி ஆபீஸ் போவாள்.

வெள்ளிக்கிழமைக் கூட்டம் வளர்ந்தது. கணக்கு வாத்தியார் வந்தார், கோர்ட்டு டைப்பிஸ்ட் அம்மா வந்தாள், பேக்கரிக்காரர் கடையை மைத்துனரிடம் விட்டுவிட்டு வந்தார். ஒரு வேனுக்குள் அடங்கிவிடக்கூடிய கூட்டம் கடைசியில் கட்சியே ஆகிவிட்டது. கட்சிக்கும் அப்பாவின் சட்டம்தான். எந்த முடிவானாலும் ஒரே ஒரு உறுப்பினர் கை தூக்கினால் போதும், அங்கேயே நிறுத்த வேண்டும். இந்தத் தேர்தலில் அப்பாவை வேட்பாளராக நிறுத்தியபோது யாரும் கை தூக்கவில்லை. வாக்குப்பதிவு நாளை மறுநாள். வாக்குச்சீட்டில் அப்பா பெயர் இருக்கும், அப்பா இருக்க மாட்டார். சின்னக் கட்சி வேட்பாளர் செத்தால் தேர்தலைத் தள்ளிவைக்க மாட்டார்களாம். அதையும் ஒரு அதிகாரி போன் செய்து, வருத்தம் என்று ஒரு வார்த்தை சொல்லாமல், தெரிவித்துவிட்டார்.

முந்தின நாள் சந்தியில் கை தூக்கியபடியே அப்பா சரிந்தார். நடுரோட்டில் பஸ்ஸை நிறுத்திவிட்டு ஓடிவந்து தூக்கியது ஒரு இளம் டிரைவர். அவன் பஸ்ஸிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். பயன் இல்லை.

மகள் கை கழுவ அடுப்படிக்குப் போனபோது கட்சிக்காரர்கள் அங்கே நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். அவளைக் கண்டதும் பேச்சு நின்றது. அப்படி நின்றாலே நல்ல சேதி இல்லை.

கணக்கு வாத்தியார்தான் மென்று விழுங்கிச் சொன்னார். எம்.பி. அஞ்சலி செலுத்த வருகிறாராம். அவருடைய உதவியாளர் போன் செய்தாராம். மலர்வளையம் வைத்துவிட்டு ரெண்டு வார்த்தை பேசுவாராம்.

"வேண்டாம்னு சொல்லிட்டீங்கதானே?"

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யாரும் கை தூக்கலைம்மா."

அவள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். நடந்தது புரிந்தது. பேக்கரிக்காரர் தூக்குவார் என்று டைப்பிஸ்ட் அம்மா காத்திருந்திருப்பாள், வாத்தியார் தூக்குவார் என்று பேக்கரிக்காரர். சாவு வீட்டு வாசலில் ஒருவனைத் தடுத்த பாவம் தன் கைக்கு வேண்டாமே என்று ஆளாளுக்கு நல்லவர்களாக நின்றிருக்கிறார்கள். யாருக்கும் பிடிக்காத முடிவு ஏகமனதாக நிறைவேறிவிட்டது.

"என்னை யாராவது கேட்டீங்களா?"

"நீ உறுப்பினர் இல்லையேம்மா" என்றார் வாத்தியார், மிகவும் மெதுவாக.

எம்.பி. சாதாரணப் போட்டியாளன் இல்லை. மேடை மேடையாக ஏறி, 'பெத்த பிள்ளை பிணத்தைக் காட்டி ஓட்டுப் பிச்சை எடுக்கற ஆளு' என்று நாக்குக் கூசாமல் பேசியவன். அதைக்கூட அப்பா தாங்கிக்கொண்டார். அவர் தாங்காதது வேறு. அண்ணன் செத்த வருஷம் இதே எம்.பி. விழா வைத்து, 'நாட்டுக்கு மகனைக் கொடுத்த தந்தை' என்று எழுதிய கேடயத்தை அவர் கையில் திணித்தான். மறுநாளே அப்பா பஸ் ஏறிப் போய் அதைத் திருப்பி வைத்துவிட்டு வந்தார். வந்து சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்து சொன்னார்: "நான் குடுக்கலை. எடுத்துக்கிட்டாங்க. குடுத்தேன்னு மட்டும் எவனும் சொல்லக் கூடாது."

இன்று தடுத்துச் சொல்ல அவருக்கு வாய் இல்லை. அவர் தலைமாட்டிலேயே நின்று எம்.பி. அதையே சொல்லப் போகிறான். அதற்கு அவர் கட்சியே வழி விட்டிருக்கிறது.

"அந்த ஒரு வார்த்தையை அவன் சொன்னான்னா உங்க யாரையும் நான் மன்னிக்க மாட்டேன்" என்றாள். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. டைப்பிஸ்ட் அம்மா அதை இறுக்கி மூடினாள்.

எம்.பி. வருவதற்கு முன்பே அவனுடைய ஆட்கள் வந்துவிட்டார்கள். மைக்கும் ஒலிபெருக்கியும் வந்தன, கேமராவும் வந்தது. வெளிச்சம் போதவில்லை என்று ஒருவன் யாரையும் கேட்காமல் ஜன்னல் திரையைக் கழற்றினான். அம்மாவின் நாற்காலி படத்தில் இடிக்கிறது என்று இன்னொருவன் அதை நகர்த்தச் சொன்னான். அத்தை அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் கேமராவை நகர்த்திக்கொண்டான்.

மலர்வளையம் வாசற்படியைவிடப் பெரிது. சாய்த்துத் திருப்பி உள்ளே கொண்டுவருவதற்குள் பாதிப் பூ உதிர்ந்தது. அப்பாவின் காலடியில் வைத்ததும் கால் மறைந்து வளையத்தில் இருந்த எம்.பி. பெயர் மட்டும் தெரிந்தது. எம்.பி. தலையைக் குனிந்து, கேமராக்காரன் போதும் என்று தலையசைக்கும்வரை நின்றான். பிறகு மைக்கை வாங்கினான். நாலு சுவர் கொண்ட கூடத்துக்கு மைக் எதற்கு என்று மகளுக்குப் புரிந்தது. ஒலிபெருக்கியைத் தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தார்கள்.

கொள்கை வேறு, மனிதம் வேறு என்றான். எதிரெதிரே நின்றாலும் தன் மனதில் அண்ணனாகவே வைத்திருந்ததாகச் சொன்னான். குரல் தேவையான இடத்தில் தழுதழுத்தது. மகள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். கொள்கையோடு போய்விடு, அதைத் தொடாமல் போய்விடு என்று உள்ளுக்குள் கெஞ்சினாள்.

"எல்லாத்துக்கும் மேல, இந்த நாட்டுக்காகத் தான் பெத்த மகனையே கொடுத்த..."

மகளின் கை உயர்ந்திருந்தது. எப்போது தூக்கினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அப்பாவின் தலைமாட்டில், எம்.பி.க்கு நேரெதிரே, வலது கையை உயர்த்தி உள்ளங்கையைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

எம்.பி. ஒரு கணம் தடுமாறினான். பிறகு தலையைச் சாய்த்து, "பொண்ணு தாங்க முடியாம இருக்கு. பாவம்" என்று மைக்கிலேயே சொன்னான். தெரு முழுக்கக் கேட்டது. உதவியாளன் அவளிடம் வந்து, "அக்கா, கையை இறக்குங்க. முடிக்கப் போறார்" என்றான்.

"இங்க கை காட்டினா நிறுத்தணும்" என்றாள் அவள். கத்தவில்லை. மைக்குக்கும் அது எட்டியிருக்காது.

எம்.பி. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். "அந்தத் தியாகத் தந்தை..."

அடுப்படி வாசலில் டைப்பிஸ்ட் அம்மாவின் கை எழுந்தது. பக்கத்தில் பேக்கரிக்காரரின் கை. கணக்கு வாத்தியார் கண்ணாடியை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டுக் கையைத் தூக்கினார், முகத்தை மட்டும் யாருக்கும் காட்டவில்லை. வாசற்படியில் சீருடையோடு நின்றிருந்த இளம் டிரைவர் கட்சியில் உறுப்பினர் இல்லை. அவனும் தூக்கினான். கேமராக்காரன் எதை எடுப்பது என்று தெரியாமல் எம்.பி.யை விட்டுவிட்டுக் கைகளின் பக்கம் கேமராவைத் திருப்பினான். "அதை அணைடா" என்றான் உதவியாளன். எம்.பி. இன்னும் பேசிக்கொண்டிருந்தான். வாக்கியங்கள் சின்னதாகிக்கொண்டே வந்தன.

மகளுக்குத் தோள் கடுத்தது. விரல் நுனிகள் மரத்தன. அப்பா வாரந்தவறாமல் இப்படி எப்படி நின்றார் என்று நினைத்தபோதுதான், காலையிலிருந்து முதல்முறையாக, அவளுக்குக் கண் நிறைந்தது. கை மெல்ல இறங்கத் தொடங்கியது. பல்லைக் கடித்து மீண்டும் உயர்த்தினாள்.

ஜன்னலோரம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அம்மா எழுந்து வந்தாள். மலர்வளையத்தைச் சுற்றிக்கொண்டு, எம்.பி.யை ஏறிட்டும் பார்க்காமல், மகளுக்குப் பின்னால் வந்து நின்றாள். தேடவேண்டிய அவசியமே இல்லாமல் அவள் உள்ளங்கை மகளின் முழங்கைக்கடியில் போய் உட்கார்ந்தது.

"தோளைத் தளர்த்திக்கோ" என்றாள் அம்மா. "எடை எங்கிட்ட இருக்கட்டும்."